வலுதூக்கல் வீரர்களின் எடைக் குறைப்பும் வன்னி வெயிலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வலுதூக்கல் போட்டி நெருங்கினால் வன்னியின் ஜிம்களில் பேச்சு முழுக்க எடையைப் பற்றியதாகிவிடுகிறது. 78 கிலோ நிறையுள்ள ஒருவர் 74 கிலோ பிரிவில் இறங்க வேண்டும் என்று கடைசி மூன்று நாளும் தண்ணீரை நிறுத்துகிறார். மத்தியான வெயிலில் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடுகிறார். பேதி மாத்திரையும் விழுங்குகிறார். எடை இறங்கத்தான் செய்யும். ஆனால் ஸ்குவாட்டின் முதல் முயற்சியிலேயே தொடை குறண்டிப் பிடிக்கிறது. ஸ்குவாட் (பாரத்தைத் தோளில் வைத்துக் குந்தி எழுதல்), பெஞ்ச் பிரஸ் (படுத்தபடி பாரத்தை மேலே தள்ளுதல்), டெட்லிஃப்ட் (தரையிலிருந்து பாரத்தைத் தூக்குதல்) ஆகிய மூன்றுக்கும் மும்மூன்று முயற்சிகள்; மூன்றிலும் தூக்கிய சிறந்த பாரங்களின் கூட்டே மொத்தம். ஒன்றில் மூன்று முயற்சியும் தவறினால் மொத்தம் என்று ஒன்று இல்லாமலே வீடு திரும்ப வேண்டியதுதான்.

இந்த முறைகள் பெரும்பாலும் யூடியூப் வழியாக வருகின்றன. அங்கே காட்டப்படுபவர்கள் குத்துச்சண்டை, கூண்டுச்சண்டை வீரர்கள். போட்டிக்கு முதல் நாளே எடை பார்த்துவிட்டு, இழந்த தண்ணீரை ஒரு முழுநாள் இருந்து குடிப்பவர்கள். சர்வதேச வலுதூக்கல் சம்மேளனத்தின் விதிப்படி எடை பார்த்தல் போட்டி தொடங்குவதற்கு 2 மணித்தியாலத்துக்கு முன் ஆரம்பித்து ஒன்றரை மணித்தியாலம் நடக்கும். குடல் ஒரு மணித்தியாலத்தில் உறிஞ்சக்கூடியது ஏறத்தாழ 1 லீற்றர்தான். 3 லீற்றரை வியர்த்துக் கொட்டிவிட்டு வருபவர் பாரம் கோத்த இரும்புத் தண்டுக்குக் கீழே போய் நிற்கும்போது அது முழுவதும் உடலில் சேர்ந்திராது. மிச்சம் வயிற்றில் குலுங்கிக்கொண்டு நிற்கும்.

ஆகவே, வளர்ந்த வீரர் ஒருவர் கடைசி வாரத்தில் இறக்கக்கூடியது உடல் எடையில் 2 வீதம் மட்டுமே. 74 கிலோ பிரிவு என்றால், போட்டி வாரத்தின் திங்கட்கிழமை காலையில் தராசு 75.5க்கு மேலே காட்டக்கூடாது. அதற்கு மேலுள்ளதைச் சோற்றுத் தட்டில், வாரக்கணக்கில் குறைத்திருக்க வேண்டும்.

78இலிருந்து 75.5க்கு வர 6 முதல் 8 வாரம் போதும். வாரத்துக்கு 300 முதல் 400 கிராம் இறங்கினால் சரி. அதற்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 400 கலோரி குறைய வேண்டும். நம் வீட்டுச் சாப்பாட்டில் இது அப்படியொன்றும் பெரிய கணக்கில்லை. இரண்டு கரண்டி சீனி போட்ட தேத்தண்ணி நாளுக்கு ஐந்து குடிப்பவர் சீனியை விட்டாலே 150 கலோரிக்கு மேல் போய்விடும். ஒரு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெயில் 120 கலோரி உண்டு. பொரியலை அவியலாக்கினால் அதுவும் போகும். இரவுச் சோற்றில் அரைக் கோப்பையைக் குறைத்தால் கணக்கு முடிந்தது. முதலில் முட்டையையும் மீனையும் குறைப்பவர்கள்தான் பலத்தை இழக்கிறார்கள். ஒரு கிலோ உடல் எடைக்கு 2 கிராம் புரதம் வேண்டும். 75 கிலோக்காரருக்கு 150 கிராம். 4 முட்டை, முள் நீக்கிய குளத்து மீன் 300 கிராம், கோழியிறைச்சி 200 கிராம், உலர்ந்த சோயாமீட் 50 கிராம் என்று சேர்த்தால் அந்த அளவு வந்துவிடும். கோழிக்குக் காசில்லாத நாளில் சோயாமீட்டைக் கூட்டிப் பருப்பையும் தயிரையும் சேர்க்கலாம். கிரியேட்டின் (பலத்துக்காக எடுக்கும், தசையில் தண்ணீர் பிடிக்கவைக்கும் துணையுணவு) எடுப்பவர்கள் எடைக்குப் பயந்து அதை நிறுத்தத் தேவையில்லை.

பயிற்சியிலும் ஒரு பிழை திரும்பத் திரும்ப நடக்கிறது. எடை குறைக்கும் காலத்தில் பாரத்தைக் குறைத்து, தூக்கும் எண்ணிக்கையைக் கூட்டி, வியர்க்க வியர்க்கச் செய்கிறார்கள். செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறு. பாரம் அப்படியே இருக்கட்டும். செற்றுகளில் (ஓய்வுக்கு முன் தொடர்ந்து தூக்கும் சுற்றுகளில்) மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள். பாரமான டெட்லிஃப்டைப் போட்டிக்கு 10 முதல் 14 நாள் முன்னதாகவும், ஸ்குவாட்டை 7 முதல் 10 நாள் முன்னதாகவும் முடித்துவிடுங்கள். வயல் வேலை செய்பவர்கள் அரிவி வெட்டுக் காலத்தில் எடை குறைக்க முனையவே வேண்டாம். அந்த உழைப்புக்கு உடல் கேட்கும் சாப்பாட்டை மறுத்தால் தசைதான் கரையும்.

இனிக் கடைசி வாரம். சனிக்கிழமை காலையில் எடை பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். புதன்கிழமையிலிருந்து நார்ச்சத்தை விடுங்கள். குத்தரிசி, குரக்கன், கீரை, பயறு, கடலை, கச்சான், பழங்கள் எல்லாவற்றையும் நிறுத்தி, வெள்ளைப் பச்சையரிசிச் சோறு, வெள்ளைமா இடியப்பம், முட்டை, மீன், தயிர் என்று சாப்பிடலாம். குடலில் தங்கும் சுமை மட்டுமே இதனால் குறையும். பலருக்கு அரைக் கிலோ வரை இறங்கும், பலத்தில் எதுவும் போகாது. தண்ணீரில் கைவைப்பதற்கு முன் எல்லோரும் செய்ய வேண்டியது இதுதான், ஆனால் மிகக் குறைவானவர்களே செய்கிறார்கள். வியாழக்கிழமையிலிருந்து கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய், அப்பளம், உடனடி நூடில்ஸ் வேண்டாம். கறிக்கு வழமையான உப்பு இருக்கட்டும். உப்பை முற்றாக விட்டு, தண்ணீரை லீற்றர் லீற்றராகக் குடிப்பதும் ஆபத்து. இரத்தத்தில் சோடியம் சரிந்தால் மயக்கமும் வலிப்பும் வரலாம்.

சோற்றை முற்றாக நிறுத்தினாலும் எடை விழும்தான். தசையில் சேர்ந்திருக்கும் ஒரு கிராம் மாப்பொருள் ஏறத்தாழ 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது; அது போகும்போது தண்ணீரும் போய்விடும். ஆனால் 2 மணித்தியாலத்தில் அதை மீண்டும் நிரப்ப முடியாது. மாலை வரை 9 முயற்சிகள் தூக்க வேண்டிய நாளில் டெட்லிஃப்டுக்கு வரும்போது ஆள் வெறுமையாகிவிடுவார். சோற்றின் அளவைப் பாதியாக்குவதோடு நிறுத்துங்கள்.

வெள்ளிக்கிழமை மாலை வரை தண்ணீரை வழமைபோலக் குடிக்கலாம். இரவுச் சாப்பாட்டைக் கொஞ்சமாக, நேரத்துக்கு முடித்துவிட்டு, அதன்பின் தொண்டையை நனைக்கும் அளவு போதும். நித்திரையில் மூச்சாலும் வியர்வையாலும், காலையில் சிறுநீராலும் அரைக் கிலோ முதல் 1 கிலோ வரை தானாக இறங்கும். இது ஆளுக்கு ஆள் வேறுபடும். முந்திய வாரமே சில நாட்கள் படுக்கப் போகும்போதும் எழும்பியதும் நிறுத்துப் பார்த்துக் குறித்து வைத்தால் கடைசி இரவில் பதற்றம் இருக்காது. வீராங்கனைகளுக்கு மாதவிடாய்க்கு முந்திய நாட்களில் உடல் தண்ணீர் பிடித்து எடை கூடலாம். அது கொழுப்பல்ல, பட்டினி கிடந்து அதை விரட்ட முயலக் கூடாது.

எடை பார்த்து முடிந்ததும் ஒரு ஜீவனிப் பக்கற்றை (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கும் உப்புத் தூள்) 1 லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் கரைத்து, முதலில் அரை லீற்றர், பிறகு கால் மணித்தியாலத்துக்கு 200 மில்லிலீற்றர் என்று குடிக்க வேண்டும். இளநீர் மட்டும் போதாது. அதில் பொட்டாசியம் நிறைய உண்டு, ஆனால் வியர்வையில் போன சோடியம் குறைவு. குடிப்பதானால் ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக்கொள்ளுங்கள். உப்புப் போட்ட வெள்ளைச் சோறு, பாணும் ஜாமும், வாழைப்பழம் நல்லவை. கொத்துரொட்டியும் எண்ணெய்ப் பலகாரமும் ஸ்குவாட்டின்போது நெஞ்சுக்கு வரும்.

எடை குறைந்த உடலில் பெஞ்ச் பிரஸ்தான் முதலில் சறுக்கும். டெட்லிஃப்ட் பெரும்பாலும் தப்பிவிடும். முதல் முயற்சியை வழமையிலும் 2.5 முதல் 5 கிலோ குறைத்துக் கொடுங்கள். இடுப்பு சுருங்குவதால் பெல்ட்டும் தளரும். லீவர் பெல்ட் (நெம்புபூட்டு உள்ள இடுப்புப் பட்டி) போடுபவர்கள் துளையை மாற்ற ஸ்குரூட்ரைவரைப் பையில் வைத்திருக்க வேண்டும்.

தண்ணீரை நிறுத்துவதற்கு நாம் இவ்வளவு எதிராக நிற்கக் காரணம் இந்த மண்ணே. வவுனியா மாவட்டம், காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோயுள்ள பிரதேசங்களில் ஒன்று. வெயிலிலே வேலை செய்து, உடல் அடிக்கடி வற்றிப்போவதும் அந்நோய்க்குக் காரணமாகலாம் என்று மருத்துவ உலகம் ஆராய்ந்துகொண்டிருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில், வற்றிய உடலோடு இடுப்பு நோவுக்கு டைக்குளோபெனக் அல்லது ஐபுபுரோபென் மாத்திரையைப் போடுவது சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தை மேலும் குறைக்கும். 1997 நவம்பர், டிசம்பரில் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூவர் எடை குறைப்பதற்காக இறப்பர் உடையோடு வியர்க்கப் பயிற்சி செய்து இறந்தார்கள். அதன்பின்தான் அங்கே விதிகள் மாறின.

சிறுநீர் போக்கும் ஃபுரோசமைட் போன்ற மாத்திரைகள் உலக ஊக்கமருந்துத் தடுப்பு நிறுவனத்தின் தடைப்பட்டியலில் உள்ளவை. எடை பார்த்தபின் சேலைன் ஏற்றுவதும் அப்படியே: மருத்துவமனைச் சிகிச்சை போன்ற விதிவிலக்குத் தவிர, 12 மணித்தியாலத்தில் 100 மில்லிலீற்றருக்கு மேல் நாளத்தில் ஏற்றுவது மீறலாகும். இது தெரியாமல் செய்தவருக்கும் தடை வரலாம்.

14 முதல் 18 வயது வரையான உபகனிஷ்ட பிரிவுப் பிள்ளைகள் எடையைக் குறைக்கவே கூடாது. வளர்கிற பிள்ளை மேல் பிரிவுக்குப் போகட்டும். இன்று 59 கிலோ பிரிவில் வாங்கும் பதக்கத்துக்காக, 66 கிலோ பிரிவில் தூக்கவேண்டிய தசையைப் பறிக்காதீர்கள் என்று பயிற்றுநர்களையும் பெற்றோரையும் கேட்டுக்கொள்கிறோம்.

வடக்கில் போட்டி நடத்துபவர்களிடமும் மாவட்ட விளையாட்டு உத்தியோகத்தர்களிடமும் ஒரு கோரிக்கை. எடை பார்க்கும் நேரத்தைப் பிரிவு வாரியாக ஒரு மாதத்துக்கு முன்பே அறிவியுங்கள். போட்டித் தராசை முதல் நாள் மாலையே, அளவு சரிபார்த்த எடைத் தட்டுகளை வைத்துப் பரீட்சித்து, வீரர்கள் ஏறிப் பார்க்கத் திறந்துவிடுங்கள். முல்லைத்தீவிலிருந்தும் மடுவிலிருந்தும் இரவு பஸ்ஸில் வருகிற பிள்ளை, தன் ஜிம் தராசு 600 கிராம் குறைத்துக் காட்டியது என்பதை விடியற்காலையில் அறிந்தால் மழைக்கோட்டைத்தான் தேடுவார்.

வலுதூக்கல் பயிற்றுநர்கள் சிலர்,
கிளிநொச்சி.