வேனிலிருந்து கழற்றிய செட்டை வீட்டில் பாட வைப்பது பற்றி

கரூர்

அன்புள்ள கண்ணு,

வேனில் பாட்டுக் கேட்ட ரேடியோ செட்டை வீட்டில் பாட வைக்க முடியுமா என்று நேற்று இரவு நீ போனில் கேட்டதற்கு உடனே பதில் சொல்லாமல், எழுதி அனுப்புகிறேன் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. மின்சாரம் சம்பந்தப்பட்ட காரியத்தைக் காதால் கேட்டு, பாதியை நினைவில் வைத்து, மீதியை ஊகத்தில் முடித்து, நல்ல கருவியைப் புகைய விட்டவர்களை முப்பது ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். எழுத்தில் இருந்தால், ஒயரைக் கையில் வைத்துக்கொண்டே வரி வரியாகப் படித்துச் செய்யலாம்.

நம் ஆம்னி வேனைப் பழைய இரும்புக்குக் கொடுத்த அன்று, செட்டையும் முன்கதவுகளில் இருந்த இரண்டு ஸ்பீக்கர்களையும் நீயே கழற்றி, துணியில் சுற்றிச் சென்னைக்கு எடுத்துப் போனாய். இப்போது கடைக்காரர் ஒருவர், கார் செட் வீட்டில் வேலைக்கு ஆகாது, அதைப் போட்டுவிட்டுப் புளூடூத் ஸ்பீக்கர் வாங்கிக்கொள் என்று சொன்னதாகச் சொல்கிறாய். அவர் சொன்னது சரியல்ல. அந்தச் செட் வீட்டிலும் நன்றாகவே பாடும். வண்டியில் அது இரண்டு பொருள்களை நம்பியிருந்தது: ஒன்று பேட்டரி, மற்றொன்று கதவு. இவ்விரண்டுக்கும் ஈடான பொருளை வீட்டில் அமைத்துக் கொடுத்துவிட்டால், தான் இருப்பது வண்டியா அறையா என்று அதற்குத் தெரியாது.

இது புதிய முயற்சியும் அல்ல. நம் ஊர்ப் பக்கம் அசெம்பிள் செட் என்று மரப்பெட்டியில் கட்டி விற்றார்களே, அவற்றில் பெரும்பாலானவற்றின் உள்ளே இருந்தது 4440 என்று எல்லோரும் சுருக்கமாகச் சொல்லும் சான்யோ ஐசி, அதாவது ஒலியைப் பெருக்கும் சிப். அது 13.2 வோல்ட்டில், 4 ஓம் ஸ்பீக்கருக்கு, ஒவ்வொரு பக்கமும் 6 வாட் தரும். இரண்டு பக்கத்தையும் சேர்த்து பிரிட்ஜ் முறையில் கட்டினால் 19 வாட் தரும். 13.2 வோல்ட்டும் 4 ஓமும் வண்டிக் கணக்கு என்பது உனக்கே புரியும். ஒரு டிரான்ஸ்ஃபார்மரைச் சேர்த்து, வண்டிக்கு ஏற்ற அந்த ஐசியைத்தான் டீக்கடையிலும் சலூனிலும் கல்யாண வீட்டிலும் நம் மக்கள் இத்தனை காலம் கேட்டார்கள். பஸ் பாடி கட்டும் பட்டறைக்கு வேலைக்குப் போகும் முன் நான் முதன்முதலில் ஈயப்பற்று வைத்துப் பழகியதும் அந்த 4440 போர்டில்தான்.

முதலில் மின்சாரம். 12 வோல்ட் என்று நாம் வாயால் சொன்னாலும், எஞ்சின் ஓடும்போது வண்டியில் இருப்பது 13.8 முதல் 14.4 வோல்ட் வரை. செட்டை அதற்காகவே செய்திருக்கிறார்கள். வீட்டில் சரியாக 12 வோல்ட் கொடுத்தாலும் பாடும், ஆனால் ஸ்பீக்கருக்குக் கிடைக்கும் வலு வோல்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், 14.4-ல் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். 13.8 வைத்தால் அந்தக் குறை காதுக்குத் தெரியாது.

பேட்டரிக்குப் பதிலாக டிரான்ஸ்ஃபார்மரை வைத்து மின்சாரம் தரும் பழைய பேட்டரி எலிமினேட்டரைத் தேடிப் போகாதே. 12 வோல்ட் என்று எழுதியிருக்கும் டிரான்ஸ்ஃபார்மரை டயோடும் கண்டென்சரும் போட்டு டிசி ஆக்கினால், பாரம் இல்லாதபோது 16 வோல்ட்டுக்கு அருகில் போய் நிற்கும். லைனில் வோல்ட்டேஜ் ஏறினால் அதையும் தாண்டும். என் பழைய டேப் ஒன்று அப்படித்தான் ஒரு மார்கழி விடியற்காலையில் போனது. தெருவிளக்குகள் அணைந்த நேரத்தில் வோல்ட்டேஜ் ஏறி, உள்ளிருந்து எழுந்த கருகல் வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. வைஃபை ரூட்டருக்கு வரும் சிறிய அடாப்டரும் போதாது. மெல்லிய பாட்டுக்குத் தாங்கும். தவில் அடி விழும்போது டிஸ்ப்ளே மங்கி, செட் அணைந்து மறுபடி எரியும். செட் கெட்டுவிட்டது என்று நினைப்பாய்; உண்மையில் அது பசியில் மயங்கி விழுகிறது.

நீ வாங்க வேண்டியது 12 வோல்ட், 10 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ், அதாவது வீட்டு மின்சாரத்தை 12 வோல்ட் டிசியாக மாற்றித் தரும் பெட்டி. எல்இடி பட்டைகளுக்கும் சிசிடிவிக்கும் போடுவார்களே, துளையிட்ட தகட்டு மூடியுள்ள பெட்டி, அதுதான். ரிச்சி தெருவில் எந்தக் கடையிலும் இருக்கும். வாங்கும்போது, ஸ்குரூ டெர்மினல்களின் ஓரத்தில் வோல்ட்டைச் சரிசெய்யும் சிறிய திருகு இருக்கிறதா என்று பார். செட்டை இணைக்கும் முன்பே, மல்டிமீட்டரை டிசி 20-ல் வைத்து, அந்தத் திருகை மெல்லத் திருப்பி 13.8-ல் நிறுத்து. அந்த டெர்மினல் வரிசையில் 230 வோல்ட்டும் 13.8 வோல்ட்டும் ஒரு விரல் இடைவெளியில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், கண்ணு. பிளக்கைச் சுவரிலிருந்து உருவாமல் அங்கே விரலோ ஸ்குரூ டிரைவரோ போகக் கூடாது. மூன்று முள் பிளக் போட்டு, எர்த் ஒயரை அதற்குரிய டெர்மினலில் கட்டாயம் கட்டு. கட்டி முடித்த பிறகு, காற்றோட்டம் உள்ள ஒரு பெட்டிக்குள் அதை வைத்துவிடு. உன் அறையில் தங்கியிருக்கும் தோழிக்கு இதெல்லாம் தெரியாது.

2012-ல் நாளில் பல மணி நேரம் மின்சாரம் இல்லாமல் தவித்தோமே, அப்போது இன்வெர்ட்டர் பேட்டரியிலிருந்து நேராக இரண்டு ஒயர் இழுத்து, வேன் செட்டைக் கூடத்தில் ஓட விட்டேன். நீ தரையில் பாய் விரித்துப் படித்துக்கொண்டிருப்பாய். சத்தத்தைக் குறைக்கச் சொல்லாமல் கேட்டுக்கொண்டே படிப்பாய். பேட்டரி மின்சாரத்தில் இரைச்சலே இருக்காது. அவ்வளவு சுத்தமான ஒலியை அதற்கு முன்னும் பின்னும் நம் வீட்டில் நான் கேட்டதில்லை. ஆனாலும் அதை நீ செய்ய வேண்டாம். பேட்டரி முனையை ஒட்டி ஃப்யூஸ் இல்லாமல் ஒயர் போய், வழியில் எங்காவது பிளஸ்ஸும் மைனஸும் உரசினால், ஒயர் சிவந்து உருகும் வரை அந்தப் பேட்டரி விடாது. சார்ஜ் ஏறும்போது எளிதில் தீப்பற்றும் வாயுவும் வரும். படுக்கும் அறையில் அது ஆகாது.

இனி ஒயர்கள். செட்டின் பின்னால் வரும் கட்டில் கறுப்பு மைனஸ். மஞ்சள், எப்போதும் மின்சாரம் இருக்க வேண்டிய ஒயர். நேரமும் சேமித்த நிலையங்களும் அதனால்தான் நினைவில் நிற்கின்றன. சிவப்பு, வண்டியில் சாவி திருப்பினால் மின்சாரம் வரும் ஒயர். கறுப்பை எஸ்எம்பிஎஸ்ஸின் மைனஸிலும், மஞ்சளைப் பிளஸ்ஸிலும், சிவப்பை ஒரு சிறிய சுவிட்ச் வழியாக அதே பிளஸ்ஸிலும் கட்டு. அந்தச் சுவிட்ச்தான் இனி உன் சாவி. மஞ்சள் ஒயரில் உள்ள 10 ஆம்பியர் ஃப்யூஸை எக்காரணம் கொண்டும் நீக்காதே. நீல ஒயரும் வெள்ளைக் கோடு போட்ட நீல ஒயரும் ஏரியலுக்கும் வெளி ஆம்ப்ளிஃபயருக்கும் உரியவை. நுனியில் டேப் சுற்றி மடித்து வைத்துவிடு. இந்த நிறக்கணக்கு கடையில் தனியாக வாங்கிப் பொருத்தும் செட்டுக்குத்தான். கம்பெனி வண்டியோடு வரும் செட்டுக்கு நிறங்கள் மாறும். உன்னைப் பார்த்துத் தோழிகள் யாராவது கேட்டால் இதையும் சேர்த்துச் சொல்.

முன் இடது ஸ்பீக்கருக்கு வெள்ளை, முன் வலதுக்குச் சாம்பல். அவற்றிலேயே கறுப்புக் கோடு ஓடும் ஒயர் அந்தந்த ஸ்பீக்கரின் மைனஸ். பச்சையும் ஊதாவும் பின் ஸ்பீக்கர்களுக்கு. உனக்கு இப்போது தேவையில்லை, தனித்தனியாக நுனியை மூடிவிடு. நான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததே இந்த இடத்துக்காகத்தான். ஸ்பீக்கர் மைனஸ் என்பது வண்டியின் மைனஸ் அல்ல. இந்தச் செட்டுகளில் ஒவ்வொரு ஸ்பீக்கரின் இரண்டு ஒயர்களையும் ஐசியே எதிரெதிராகத் தள்ளி இழுக்கிறது. இரண்டிலுமே பாதி வோல்ட் நிற்கும். இரண்டு ஸ்பீக்கர்களின் மைனஸையும் ஒன்றாக முறுக்கினாலோ, அவற்றைக் கறுப்பு ஒயரில் சேர்த்தாலோ ஐசிக்கு ஆபத்து. நான் தொழிலுக்கு வந்த புதிதில், பழைய டேப்புகளில் பழகிய கையோடு, ஒரு பஸ்காரரின் புதுச் செட்டுக்கு ஒயர் மிச்சம் பிடிப்பதற்காக மைனஸ்களை ஒன்றாகக் கட்டினேன். ஒரு பாட்டு முடியவில்லை. இரண்டு மாதச் சம்பளத்தில் அந்தச் செட்டை வாங்கிக் கொடுத்தேன். அவர் ஒரு சொல் கடிந்து பேசவில்லை. அதுவே எனக்கு அதிகமாக வலித்தது.

முகப்பில் 50 வாட் பெருக்கல் 4 என்று அச்சடித்திருப்பதைப் பார்த்து, 10 ஆம்பியர் எப்படிப் போதும் என்று கேட்டாய். நல்ல கேள்வி. 14.4 வோல்ட்டை அப்படியே 4 ஓமில் போட்டால் ஏறக்குறைய 52 வாட் வரும். அந்தக் கணக்கைத்தான் அச்சடிக்கிறார்கள். இசை அப்படி வெட்டிய சதுர அலையாக வருவதில்லை. ஒழுங்கான ஒலியாக வருவது ஒரு ஸ்பீக்கருக்கு 15 முதல் 20 வாட்தான். அதுவே உன் பத்துக்குப் பத்து அறைக்கு மிகுதி. நீ சாதாரணமாகக் கேட்கும்போது இரண்டு வாட்கூடச் செலவாகாது. வீட்டு ஸ்டீரியோவின் 8 ஓம் ஸ்பீக்கர்களை இந்தச் செட்டில் மாட்டலாம். வலு பாதியாகும், செட்டுக்குத் தீங்கில்லை. ஆனால் இந்த 4 ஓம் ஸ்பீக்கர்களை, 8 ஓமுக்கென்று எழுதியிருக்கும் வீட்டு ஆம்ப்ளிஃபயரில் மாட்டி உரக்க வைக்காதே. இருமடங்கு கரண்ட் இழுத்து அது கொதிக்கும்.

அடுத்தது கதவு. ஸ்பீக்கரைத் துணியிலிருந்து எடுத்து மேசை மேல் நிறுத்திப் பாட விட்டால், உனக்குப் பெரும் ஏமாற்றமாக இருக்கும். கொசு பாடுவது போலக் கேட்கும். காகிதக் கூம்பு முன்னே தள்ளும் காற்று, சுற்றி வந்து பின்னே உண்டாகும் வெற்றிடத்தை நிரப்பிவிடுவதால், கீழ்ச்சத்தம் பிறக்கும்போதே இறந்துவிடுகிறது. வண்டியில் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் கதவுத்தகடு பிரித்து வைத்திருந்தது. வீட்டில் பெட்டி பிரித்து வைக்க வேண்டும்.

நம் பக்கத்தில் இதற்குப் பானை வைப்பார்கள். உன் அப்பாயி சோளம் போட்டு வைத்திருந்த மண்பானையின் வாயில் ஆறு அங்குல ஸ்பீக்கரைக் கவிழ்க்காமல் உட்கார வைத்து நானும் செய்திருக்கிறேன். தெரு முழுவதும் அதிர்ந்தது, எல்லோரும் பாராட்டினார்கள். எனக்குத்தான் இரண்டு நாளில் அலுத்துவிட்டது. பானைக்கு ஒரே சுருதி. மிருதங்கமோ, தபலாவோ, கிடாரோ, எது வந்தாலும் அடிச்சத்தத்தைத் தன் சுருதிக்கு இழுத்துக்கொள்ளும். வாத்தியம் வாத்தியமாகக் கேட்க வேண்டும் என்றால் மரப்பெட்டிதான்.

அதனால் பெட்டிகளை நானே இங்கே செய்கிறேன். 18 மில்லிமீட்டர் பிளைவுட். உள்ளளவு 30 சென்டிமீட்டர் உயரம், 25 அகலம், 22 ஆழம். ஏறக்குறைய பதினாறரை லிட்டர். ஆறரை அங்குலக் கதவு ஸ்பீக்கருக்கு இதற்குக் குறைந்தால் சத்தம் இறுகிப்போகும். மூலைகளில் மரப்பசை பூசி, காற்றுப் புகாமல் அடைத்து, பழைய தலையணையின் இலவம்பஞ்சை உள்ளே தளர்வாகப் பரப்புவேன். உன் அம்மா அந்தத் தலையணையை ஏற்கெனவே பிரித்து வெயிலில் போட்டுவிட்டாள். வண்டியின் சிறிய கூண்டுக்குள் தானாகவே தடித்துக் கேட்ட அடிச்சத்தம், திறந்த அறையில் அந்த அளவு வராது. அதற்காக பாஸை முழுக்க ஏற்றாதே. பெட்டிகளைச் சுவரை ஒட்டி வைத்தால் வேண்டிய அளவு கூடும்.

நான் அனுப்பும் வரை ஸ்பீக்கர்களைச் சோதித்து வை. மல்டிமீட்டரில் ஓம் பார்த்தால் 4-க்குச் சற்றுக் குறைவாக, மூன்றரை போலக் காட்ட வேண்டும். கூம்பை இரு கைவிரல்களாலும் சமமாக, மெல்ல அழுத்திப் பார்; உள்ளே சரசரவென்று உரசினால், காயில் எனப்படும் கம்பிச்சுருள் கோணிவிட்டது என்று பொருள். பிறகு ஒன்றரை வோல்ட் பேட்டரி ஒன்றின் பிளஸ்ஸை ஸ்பீக்கரின் பிளஸ்ஸிலும் மைனஸை மைனஸிலும் ஒரு கணம் தொடு. கூம்பு முன்னால் துள்ள வேண்டும். ஒன்று முன்னால், மற்றொன்று பின்னால் துள்ளினால், சேர்ந்து பாடும்போது பாடகரின் குரல் நடுவில் நிற்காமல் கரைந்து போகும்.

எஃப்எம்முக்கு ஏரியல் குழியின் நடுமுனையில் 75 சென்டிமீட்டர் ஒயர் ஒன்றைச் செருகி, எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தள்ளி, ஜன்னல் பக்கம் நிமிர்த்து நிறுத்து. அதை அருகில் வைத்தால் இரையும். ஜி.பி. ரோட்டில் யாராவது பெரிய கார் ஆம்ப்ளிஃபயரை மலிவாகத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடு. 230-ஐ 12 ஆக்கி, அந்த 12-ஐ அது மறுபடி உள்ளே ஏற்றி, முப்பது நாற்பது ஆம்பியர் கேட்கும். வீட்டில் அதற்கு ஒரு தேவையும் இல்லை.

பெட்டிகள் ஞாயிற்றுக்கிழமை பார்சலில் வரும். அதற்குள் எஸ்எம்பிஎஸ்ஸை வாங்கி, செட்டை இணைக்காமல், ஒரு மணி நேரம் ஓட விட்டு, மீட்டர் காட்டும் எண்ணைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. 13.8-ஐ நான் பார்த்த பிறகு மஞ்சள் ஒயரைக் கட்டு.

அன்புடன்,
அப்பா