விடுதலைக்கு மறுநாள் யார் பொறுப்பு?

பெறுநர்: சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் துறை, வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை, தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள்.

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். ஒரே மடலை இத்தனை பேருக்கு எழுதக் காரணம் இருக்கிறது. சிறையிலிருந்து வெளியே வந்த ஒருவருக்காகத் தொழில், படிப்பு, வேலை என்று எதைக் கேட்டுப் போனாலும் "அது எங்கள் துறையில் வராது, அவர்களைக் கேளுங்கள்" என்ற பதிலே கிடைக்கிறது. சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. உள்ளே இருக்கிற வரை அவர் சிறைத்துறையின் பொறுப்பு. கேட்டைத் தாண்டிவிட்டால் அவர் யாருடைய பட்டியலிலும் இல்லை.

நான் ஐ.டி.ஐ.யில் வெல்டிங் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். சில ஆண்டுகளாக, விடுதலையானவர்களுக்கு வேலை தேடிக் கொடுக்க நண்பர்களோடு சேர்ந்து அலைகிறேன். அந்த அலைச்சலில் கண்டதைத்தான் எழுதுகிறேன்.

சிறைகளுக்குள் நடக்கும் நல்ல காரியங்களை முதலில் சொல்லிவிட வேண்டும். திருச்சி மத்திய சிறைக்குள்ளேயே ஐ.டி.ஐ. இருக்கிறது, ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், வெல்டர் என்று முறையான பிரிவுகளோடு நடக்கிறது. காவலர்களுக்கான பூட்ஸ் வேலூர் சிறையில் தயாராகிறது. சிறைத்துறை நடத்தும் பெட்ரோல் பங்குகளில் கைதிகள் வேலை செய்கிறார்கள்; புழலில் பெண் கைதிகளே நடத்தும் பங்க் 2023-ல் திறக்கப்பட்டது. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ தேர்வு முடிவு வரும்போதெல்லாம் சிறைவாசிகளின் தேர்ச்சியும் செய்தியாகிறது. இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் சிறைவாசிகளிடம் கட்டணம் வாங்குவதில்லை. சென்னைப் புத்தகக் காட்சியில் 'கூண்டுக்குள் வானம்' என்று அரங்கு போட்டு, சிறை நூலகங்களுக்குப் புத்தகம் திரட்டினீர்கள். இவ்வளவும் செய்ய முடிந்தவர்களால் மிச்சத்தையும் செய்ய முடியும் என்று நம்புகிறேன்.

மிச்சம் என்றால் என்ன என்பதை ஒரு பையன் கதையில் சொல்கிறேன். வடசென்னைக்காரன், இருபதை இப்போதுதான் தாண்டியவன், விசாரணைக் கைதியாக உள்ளே இருந்தான். அங்கே டூவீலர் மெக்கானிக் வேலை பழக ஆரம்பித்தான். கார்புரேட்டரைத் தனியாகக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டும் அளவுக்குக் கை பழகியிருந்தது. பயிற்சி பாதியில் இருக்கும்போது ஜாமீன் கிடைத்தது. ஜாமீன் வேண்டாம், பயிற்சியை முடித்துவிட்டுப் போகிறேன் என்று யாராவது சொல்வார்களா? வந்துவிட்டான். மீதியை வெளியே ஏதாவது ஒரு மையத்தில் தொடர முடியுமா என்று கேட்டோம். முதலிலிருந்துதான் சேர வேண்டும் என்றார்கள்.

சரி, கடையிலேயே கற்றுக்கொள்ளட்டும் என்று ஓர் ஒர்க்‌ஷாப்பில் சேர்த்துவிட்டோம். அவனுக்கு ஜாமீன் நிபந்தனை, தினமும் காலை பத்தரை மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்து. ஒர்க்‌ஷாப்பில் வண்டிகள் வந்து குவியும் நேரமும் அதுதான். பத்து மணிக்குக் கிளம்பினால், ஸ்டேஷனில் நோட்டு எடுத்துக் கொடுக்க ஆள் வரும்வரை நின்று, கையெழுத்துப் போட்டுத் திரும்புவதற்குள் மதியம் ஆகிவிடும். முதலாளி கெட்டவர் இல்லை. "தம்பி, கையெழுத்தெல்லாம் முடிச்சிட்டு வா, அப்புறம் பார்க்கலாம்" என்றார். அது முடிவதற்குள் அந்த இடத்தில் வேறொரு பையன் வந்துவிட்டான்.

இதில் எந்தத் துறையும் விதியை மீறவில்லை. சிறை பயிற்சி கொடுத்தது. நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. பயிற்சி மையம் தன் சேர்க்கை விதிப்படி நடந்தது. காவல் நிலையம் உத்தரவுப்படி கையெழுத்து வாங்கியது. அவரவர் வேலையை அவரவர் சரியாகச் செய்தும் அந்தப் பையனுக்கு வேலை போய்விட்டது. இந்த நான்கையும் சேர்த்துப் பார்க்க ஓர் ஆள் இருந்திருந்தால், கையெழுத்து நேரத்தை மாற்றித் தரச் சொல்லி ஒரு மனு போட்டிருப்பார். அவ்வளவுதான் தேவைப்பட்டது.

அவன் ஏதோ விதிவிலக்கு என்று நினைத்துவிடாதீர்கள். 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். நான்கில் மூன்று பேருக்கும் மேல். நம்முடைய நீண்ட பயிற்சிகளோ தண்டனைக் கைதியை மனதில் வைத்துப் போட்டவை: ஓராண்டு, ஈராண்டு, கடைசியில் ஒரு தேர்வு, ஒரு சான்றிதழ். எப்போது கதவு திறக்கும் என்று தெரியாதவருக்கு அது ஒத்துவராது. பயிற்சியைச் சின்னச் சின்னப் பகுதிகளாகப் பிரியுங்கள். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் அதற்கு ஒரு சான்று கொடுங்கள். மிச்சப் பகுதியை அவருடைய சொந்த மாவட்டத்து அரசு ஐ.டி.ஐ.யிலோ திறன் மேம்பாட்டுக் கழகத்தின் மையத்திலோ போய் முடிக்க வழி செய்யுங்கள். இதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம். இரண்டு துறைகள் உட்கார்ந்து பேசி ஓர் ஆணை போட்டால் போதும்.

விசாரணைக் கைதி எப்போது வெளியே வருவார் என்று எப்படிச் சொல்ல முடியும் என்று கேட்பீர்கள். பலருக்கு ஓரளவு சொல்லலாம். 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 479-வது பிரிவின்படி, முன்பு தண்டனை பெறாத ஒருவர் தன் மீதான குற்றத்துக்குரிய அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்குக் காலத்தை உள்ளே கழித்துவிட்டால் அவரைப் பிணையில் விட வேண்டும். அதற்கான விண்ணப்பத்தைச் சிறைக் கண்காணிப்பாளரே நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கும், வேறு வழக்குகள் நிலுவையில் உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது. மற்றவர்களுக்கு அந்தத் தேதியை இன்றே கணக்குப் போடலாம். மாவட்ட நீதிபதி தலைமையிலான விசாரணைக் கைதிகள் மறுஆய்வுக் குழுவிடம் வருகிற அதே பட்டியலின் ஒரு நகல் வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கும் போகட்டும் என்றுதான் கேட்கிறேன்.

தண்டனைக் கைதிகள் விஷயத்தில் இந்தச் சிக்கல்கூட இல்லை. தேதி தெரியும். அண்ணா நூற்றாண்டையொட்டி 2008-ல் 1,405 ஆயுள் கைதிகளை அரசு முன்கூட்டியே விடுவித்தது. 2018-ல் எம்.ஜி.ஆர். நூற்றாண்டுக்கும் கூட்டம் கூட்டமாக விடுவித்தார்கள். 2021-ல் அண்ணா பிறந்தநாளுக்கு 700 பேர் என்று அறிவிப்பு வந்தது. யார் யாருக்குத் தகுதி இருக்கிறது என்று ஒவ்வொருவர் கோப்பையும் தனித்தனியாகப் பார்த்துத்தான் இந்த முடிவுகள் எடுக்கப்படுகின்றன. அதே கோப்பில் இன்னும் இரண்டு கேள்விகளைச் சேர்ப்பது பெரிய காரியமா? இவருக்கு என்ன வேலை தெரியும்? போகிற ஊரில் அந்த வேலை இருக்கிறதா?

பத்து, பதினைந்து வருடம் கழித்து வருகிறவரின் முதல் தடை தொழில் தெரியாததாக இருக்கும் என்று நாம் நினைக்கிறோம். நான் பார்த்தவரை முதல் தடை ஓ.டி.பி. அவர் ஆதாரில் இணைத்திருந்த செல்போன் எண் எப்போதோ செத்து, வேறு யாருக்கோ போயிருக்கும். எந்தத் திட்டத்துக்கு ஆன்லைனில் விண்ணப்பித்தாலும் அந்த எண்ணுக்குத்தான் குறுஞ்செய்தி போகிறது. எண்ணை மாற்றுவதே தனி அலைச்சல். ரேஷன் கார்டில் பெயரை எடுத்திருப்பார்கள். வங்கிக் கணக்கு முடங்கியிருக்கும். கணக்கு இல்லாமல் கம்பெனியில் சம்பளம் போட மாட்டார்கள். இதையெல்லாம் சரிசெய்து முடிக்கவே பலருக்கு மாதக்கணக்கில் ஆகிறது. கையில் காசு தீர்ந்துபோவதும் பழைய சேர்க்கை வீடு தேடி வருவதும் அந்த மாதங்களில்தான். விடுதலைக்கு ஆறு மாதம் முன்பே சிறைக்குள் ஓர் ஆதார் முகாம், ஒரு வங்கி முகாம் நடத்தி, கையில் புது சிம் கார்டோடு வருகிற மாதிரி செய்துவிட்டால் அத்தனை அலைச்சலும் மிச்சம். கூடவே யு.பி.ஐ.யில் பணம் அனுப்பவும், போனில் விண்ணப்பம் நிரப்பவும் சொல்லிக்கொடுங்கள். பத்தாம் வகுப்புக் கணக்குப் பாடத்துக்குச் சற்றும் குறைந்த கல்வி இல்லை அது.

அடுத்து, எந்தச் சிறையில் எந்தத் தொழில் என்பது. இதில்தான் எனக்கு ஆதங்கம் அதிகம். திருச்சி சிறையில் வெல்டர் பிரிவு இருக்கிறது. அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குள் பஸ்ஸில் போய்விடக்கூடிய துவாக்குடியில், கொதிகலன் செய்யும் பெல் நிறுவனத்தை நம்பி வளர்ந்த ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் வரிசையாக நிற்கின்றன. நல்ல வெல்டரை அங்கே தேடிக்கொண்டுதான் இருப்பார்கள். நாட்டுக்கே வெல்டிங் சொல்லித்தரும் வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் பெல் வளாகத்தில்தான் இருக்கிறது. சிறைக்குள் கற்றவனுக்கு ஜாயின்ட் போட வரும். ஆனால் பட்டறைக்காரர் முதல் நாளே கையில் ஒரு பிளேட்டைக் கொடுத்து, எந்த பொசிஷனில் டெஸ்ட் பாஸ் செய்திருக்கிறாய் என்றுதான் கேட்பார். தரையில் படுக்க வைத்த பிளேட்டில் போடுவது வேறு. தலைக்கு மேலே அண்ணாந்து, நெருப்புப் பொறி கழுத்தில் விழ விழப் போடுவது வேறு. அந்தத் தேர்வுக்கான பழக்கத்தையும் தேர்வையும் உள்ளேயே நடத்திவிட்டால், வெளியே வந்த வாரமே அவன் வேலைக்குப் போகலாம். பட்டறைக்காரர்கள் சங்கத்தைச் சிறைக்குள் அழைத்துவந்து, உங்களுக்கு என்ன தெரிந்த ஆள் வேண்டும் என்று கேட்டுப் பாடத்தை அமையுங்கள்.

இதே யோசனைதான் மற்ற ஊர்களுக்கும். வேலூர் சிறையில் பூட்ஸ் தைத்தவருக்கு ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகள். கோவையில் தறி, தையல் பழகியவருக்குத் திருப்பூர். பெண்கள் சிறையில் தையல் பழகிய ஓர் அம்மா எங்களிடம் வந்தார். கால் மிஷினில் அவர் தைப்பது கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல் இருக்கும். பனியன் கம்பெனியில் பவர் மிஷினில் உட்கார்ந்ததும் துணி கையை விட்டு ஓடியது. உள்ளேயே பவர் மிஷினும், துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக்கும் போட்டுப் பழக்கினால் தீர்ந்துவிடும் குறை இது. அவரை அன்றே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

யாருக்கு எந்தப் பயிற்சி என்று தீர்மானிப்பதிலும் கண் வையுங்கள். சிறையில் சாதி பார்த்து வேலை பிரிப்பது அரசமைப்புக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபர் 3 அன்று தீர்ப்பளித்தது. பாளையங்கோட்டைச் சிறையில் சாதிவாரியாகப் பிரித்துவைத்ததும் அந்தத் தீர்ப்பில் பேசப்படுகிறது. துடைப்பத்தை யார் கையில் கொடுக்கிறோம், எலக்ட்ரிகல் டெஸ்டரை யார் கையில் கொடுக்கிறோம் என்பது வெளியே வந்த பிறகு அவர் எந்த வேலைக்குப் போவார் என்பதையும் முடிவுசெய்துவிடுகிறது. ஆகவே பயிற்சியில் சேர்ப்பதற்கான தகுதியை எழுதி, சுவரில் ஒட்டி, எல்லோரும் பார்க்கும்படி செய்யுங்கள். வகுப்புக்குப் போகிறவருக்கு அன்றைய கூலி குறையக் கூடாது. அந்தக் கூலியை வீட்டுக்கு அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். பாடமா பணமா என்று வந்தால் பணத்தைத்தான் எடுப்பார்கள். சான்றிதழில் எந்த இடத்திலும் சிறை என்ற சொல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இத்தனையையும் யார் செய்வது? ஒவ்வொரு மத்திய சிறைக்கும், ஒவ்வொரு பெண்கள் சிறைக்கும் ஒரே ஓர் ஒருங்கிணைப்பாளரை நியமியுங்கள். பெயர் தெரிந்த, போன் எடுக்கிற, ஒரு வருடத்துக்குள் மாற்றப்படாத ஓர் ஆள். நன்னடத்தை அலுவலர்கள் ஏற்கெனவே சிறைத்துறையில் இருக்கிறார்கள். விடுதலையான சிறைவாசிகளுக்கென்றே ஒரு நலச் சங்கமும் இருக்கிறது. அவற்றுக்கு ஆளும் பணமும் அதிகாரமும் கொடுத்து இந்தப் பொறுப்பை ஒப்படைக்கலாம். விடுதலைக்கு ஆறு மாதம் முன்பு கோப்பைத் திறந்து, கைதி வெளியே வந்து ஒரு வருடம் வரை ஒருங்கிணைப்பாளர் அந்தக் கோப்பை மூடக் கூடாது. வேலையில் சேர்த்துவிட்டதோடு விட்டுவிட்டால், முதல் சம்பளத் தகராறிலேயே பலர் வேலையை விட்டு நின்றுவிடுகிறார்கள்.

நம் தமிழர்கள் நிறையப் பேர் வாழும் சிங்கப்பூரில் 2000-லேயே சிறைத்துறையையும் நலத்துறையையும் தொண்டு அமைப்புகளையும் ஒரே வலையமைப்பாகக் கட்டினார்கள். கைதிகளுக்குத் தொழில் பழக்கவும் வேலை தேடித் தரவும் 1976 முதல் ஒரு தனி அமைப்பு அங்கே இருக்கிறது. இன்று மஞ்சள் நாடா என்ற பெயரில் இயங்குகிறது. சிறைக்குள் பயிற்சி கொடுப்பதும் வெளியே முதலாளிகளைச் சேர்ப்பதும் அந்த ஒரே அமைப்பின் வேலை. பக்கத்தில் தெலங்கானாவில், சிறைத்துறையின் பெட்ரோல் பங்குகளில் விடுதலையானவர்களையும் வேலைக்கு எடுத்தார்கள். நம் பெட்ரோல் பங்குகளிலும் சில இடங்களை அப்படி ஒதுக்கலாம்.

"ஒரு தப்பும் செய்யாதவன் பிள்ளைக்கே வேலை இல்லை, இவர்களுக்கு எதற்கு?" என்று என்னிடமே கேட்டவர்கள் உண்டு. அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது. பாதிக்கப்பட்ட குடும்பத்தின் வலி அதைவிடப் பெரியது. அதை யாரும் சின்னதாக்கிப் பேசக் கூடாது. கைதியின் கூலியில் ஒரு பகுதி பாதிக்கப்பட்டவர்களுக்குப் போக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1998-லேயே சொன்னதும் அதை நினைத்துத்தான். ஆனால் விடுதலையானவர் எங்கேயோ போய்விடுவதில்லை. அதே தெருவுக்கு, அதே அக்கம்பக்கத்துக்குத்தான் வருகிறார். காலையில் வேலைக்குப் போகிற ஆளாக அவர் அங்கே இருப்பது பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கும் பாதுகாப்புதான்.

சட்டப் பணிகள் ஆணைக்குழுக்களுக்கு ஒரு தனி வேண்டுகோள். வேலைக்கோ வகுப்புக்கோ போகிறவர்களின் கையெழுத்து நிபந்தனையை மாலை நேரத்துக்கோ வாரம் ஒரு நாளுக்கோ மாற்றக் கோரும் மனுவை உங்கள் வழக்கறிஞர்களே இலவசமாகப் போட்டுத் தரட்டும். மாதிரி மனு ஒன்றைத் தயார்செய்து ஒவ்வொரு சிறையிலும் வைத்துவிடுங்கள்.

திருச்சியில் தொடங்குங்கள். அங்கே ஐ.டி.ஐ. இருக்கிறது, பட்டறைகள் இருக்கின்றன, பெண்கள் சிறையும் இருக்கிறது. வரும் அண்ணா பிறந்தநாளான செப்டம்பர் 15-க்கு முன் விடுதலையாகக் கூடியவர்களின் பட்டியலை எடுத்து, நான்கு துறைகளும் துவாக்குடி பட்டறைக்காரர்களும் ஒரே மேசையில் உட்கார ஒரு தேதி குறியுங்கள். வெல்டிங் டெஸ்டுக்கு ஆள் பழக்க வேண்டுமென்றால் நானும் என்னோடு ஓய்வு பெற்ற நண்பர்களும் சம்பளம் வாங்காமல் வந்து சொல்லிக்கொடுக்கிறோம். உள்ளே வர அனுமதிக் கடிதம் மட்டும் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வெல்டிங் பயிற்றுநர் ஒருவர்