ஓர் அலகுக்கு எத்தனை சதம் என்று எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

களஞ்சியங்களை வாடகைக்கு விட்டு வரும் காசைப் பங்கிட்டுக் கொடுக்கும் சிங்கப்பூர் நிதியமான மேப்பிள்ட்ரீ லொஜிஸ்டிக்ஸ் ட்ரஸ்ட் பற்றித் தங்கள் வணிகப் பக்கத்தில் வந்த சிறு செய்தியை வெட்டி என் கணக்குக் கொப்பிக்குள் வைத்திருக்கிறேன். வருமானம் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகவே சரிந்தது என்று தலைப்புப் போட்டிருந்தீர்கள். அதில் பிழை இல்லை. 2025 மார்ச் 31 இல் முடிந்த நிதியாண்டில் மொத்த வருமானம் 733.9 மில்லியன் சிங்கப்பூர் டொலரிலிருந்து 727 மில்லியனாகத்தான் இறங்கியது. ஆனால் அந்த நிதியத்தின் அலகுகளை, அதாவது பங்கு போன்றவற்றை, வைத்திருப்பவர்களின் கைக்கு வந்த பணம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. முந்திய ஆண்டு ஓர் அலகுக்கு 9.003 சிங்கப்பூர் சதம். இந்த ஆண்டு 8.053 சதம். இந்த இரண்டு எண்களும் தங்கள் செய்தியில் எங்குமே இல்லை.

என் தங்கச்சி சிங்கப்பூரில் தாதியாக இருந்து ஓய்வுபெற்றவள். சேமித்ததில் ஒரு பகுதிக்கு இந்த நிதியத்தில் 20,000 அலகு வாங்கி வைத்திருக்கிறாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதில் வருவதை அப்படியே அம்மாவுக்கு அனுப்பிவிடுவாள். அம்மாவுக்கு 88 வயது, பாலையூற்றில் என்னோடு இருக்கிறா. பகலில் அவவைப் பார்த்துக்கொள்ள வரும் பிள்ளையின் சம்பளமும் கண்ணுக்கு விடும் மருந்தும் இந்தக் காசில்தான். வரவை நான் கொப்பியில் எழுதி வருகிறேன். முந்திய நிதியாண்டின் நாலு காலாண்டுக்கும் சேர்த்து 1,800 டொலர். இந்த ஆண்டுக்கு 413, 405, 400 என்று இறங்கி, கடைசியாக இம்மாதம் வந்தது 391. கூட்டினால் 1,610. துண்டுவிழுந்த 190 டொலர் இலங்கைக் காசில் நாற்பதாயிரம் ரூபாவுக்கு மேல். ஏன் இப்படி ஒவ்வொரு தடவையும் இறங்குகிறது என்று தங்கள் செய்தியைப் பார்த்தால் விளங்கும் என்று நினைத்தேன். வாசித்த பிறகு முன்னையைவிடக் குழம்பிப் போனேன். தங்கச்சியிடம் கேட்டு, நிதியம் வெளியிட்ட கணக்கறிக்கையை அனுப்பச் சொல்லி, ஒரு வாரம் இருந்து வாசித்தேன். அறிக்கையில் எல்லாம் வெளிப்படையாகவே இருக்கிறது. அவர்கள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

நான் தம்பலகாமம் பக்கத்தில் ஒரு கூட்டுறவுச் சங்க நெற்களஞ்சியத்தில் 27 வருடம் இலிகிதராக இருந்தவள். ஒரு வருடப் பொதுக்கூட்டத்தில் மொத்த விற்பனை கூடிவிட்டது என்று அறிக்கை வாசித்தோம். எல்லோரும் கைதட்டினார்கள். பின்வரிசையில் இருந்த ஒரு வயோதிபர் எழும்பி, "அது சரி மகள், என்ட பங்குக்கு எவ்வளவு?" என்று கேட்டார். அந்த வருடம் பங்கிலாபம் கொடுக்கக் காசு இல்லை. என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அன்றிலிருந்து எந்தக் கணக்கை எடுத்தாலும் முதலில் அந்த வரியைத்தான் தேடுவேன்.

அந்த 27 வருடத்தில் கற்ற இன்னொன்று, களஞ்சியம் நிறைந்திருப்பதால் மட்டும் காசு வராது என்பது. முட்டமுட்ட நெல் அடுக்கிய போகத்திலும் நட்டப்பட்டிருக்கிறோம். ஈரப்பதன் 14 சதவீதத்துக்கு மேலே உள்ள நெல்லை இரக்கப்பட்டு நிறுத்து எடுத்தால், காய்ந்த பிறகு மூட்டைக்கு இரண்டு மூன்று கிலோ காணாமற் போய்விடும். 2025 மார்ச் கடைசியில் இந்த நிதியத்துக்கு ஒன்பது நாடுகளிலும் பிரதேசங்களிலுமாக 180 களஞ்சியக் கட்டடங்கள் இருந்தன. அவற்றில் 96 சதவீத இடம் வாடகைக்குப் போயிருந்தது. இதைவிட நிறைந்த களஞ்சியம் எங்கே கிடைக்கும்? அப்படியிருந்தும் பங்கீடு குறைந்தது.

சீனாவில் புதிய களஞ்சியங்கள் அளவுக்கு மிஞ்சி எழும்பிவிட்டன. குத்தகை முடிந்து புதுப்பிக்கும்போது பழைய வாடகையைவிடக் குறைத்தே ஒப்பந்தம் எழுத வேண்டியிருக்கிறது. மற்ற நாடுகளில் வாடகை பெரும்பாலும் ஏறியதால்தான் மொத்த வருமானம் இவ்வளவாவது தாக்குப்பிடித்தது. அதற்கு மேல் நாணய மாற்று. வாடகை ஜப்பானின் யென்னிலும் கொரியாவின் வொன்னிலும் சீனாவின் யுவானிலும் வருகிறது, பங்கிட்டுக் கொடுப்பதோ சிங்கப்பூர் டொலரில். அந்த டொலர் பலமடைந்தால், ஜப்பானில் குடியிருப்பவர் ஒரு யென்னும் குறைக்காமல் கட்டினாலும் இங்கே அம்மாவின் காசு குறையும். முன்கூட்டியே மாற்று வீதத்தை ஒப்பந்தத்தில் கட்டிவைக்கிறார்கள்தான். அது இறக்கத்தைத் தள்ளிப்போடுமே தவிர நிறுத்தாது. வெளிநாட்டுக் காசை எதிர்பார்த்திருக்கும் குடும்பங்கள் நிறைந்த ஊர் திருகோணமலை. இந்த ஒன்றை நம் வாசகர்களுக்கு இரண்டு வரியில் சொன்னாலே விளங்கிக்கொள்வார்கள்.

பிறகு கடன். அமெரிக்க மத்திய வங்கி 2022 மார்ச்சிலிருந்து வட்டியை ஏற்றிக்கொண்டே போனது தெரிந்ததே. மலிவு வட்டிக் காலத்தில் எடுத்த கடன்கள் தவணை முடிந்து புதுப்பிக்கப்படும்போது புதிய வட்டி வந்து உட்காருகிறது. அதனால் 2022 இல் ஏறிய வட்டியின் பாரம் 2025 கணக்கிலும் தெரிகிறது. 2025 மார்ச் கடைசியில் நிதியத்தின் சொத்தில் 40.7 சதவீதம் கடனாக நின்றது. சிங்கப்பூர் நாணய ஆணையகம் விதித்திருக்கும் எல்லை 50 சதவீதம். எல்லைக்குள்ளேதான் இருக்கிறார்கள். ஆனாலும் இத்தகைய நிதியங்களால் பெரிதாகச் சேர்த்துவைக்க முடியாது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். வரிச்சலுகை பெறுவதற்கு, வரிக்குரிய வருமானத்தில் குறைந்தது 90 சதவீதத்தைக் கொடுத்துவிட வேண்டும். கொடுத்துவிட்டால் புதிய களஞ்சியம் வாங்கக் கையில் காசு ஏது? கடன் எடுக்க வேண்டும், புதிய அலகுகளை வெளியிட வேண்டும், இல்லாவிட்டால் பழைய கட்டடத்தை விற்க வேண்டும்.

விற்பதைப் பற்றித் தங்கள் செய்தியாளர் அவசியம் எழுதியிருக்க வேண்டும். பழைய கட்டடங்களை விற்றதில் வந்த இலாபத்தின் ஒரு பகுதியையும் பங்கீட்டோடு சேர்த்துக் கொடுத்து வந்திருக்கிறார்கள். இந்த ஆண்டு அந்தப் பகுதி முந்திய ஆண்டைவிடக் குறைவு. அதை மறைக்கவில்லை, அறிக்கையில் தனி வரியாகவே காட்டியிருக்கிறார்கள். எங்கள் சங்கத்தில் பழைய லொறியை விற்ற வருடம் நான் அந்தத் தொகையை வேறாக எழுதி, கீழே சிவப்பு மையில் கோடு இழுத்து வைப்பேன். அடுத்த வருடம் விற்க அந்த லொறி இருக்காது அல்லவா? 8.053 சதத்தில் வாடகையால் வந்தது எவ்வளவு, விற்பனையால் வந்தது எவ்வளவு என்று பிரித்துச் சொன்னால்தான், அடுத்த ஆண்டுக்கு எதை நம்பியிருக்கலாம் என்று என் தங்கச்சியைப் போன்றவர்கள் கணக்குப் போட முடியும்.

இன்னொரு சின்ன விடயம். பங்கிடத்தக்க மொத்தத் தொகை ஏறக்குறைய 9 சதவீதம்தான் குறைந்தது. ஓர் அலகுக்கான தொகை 10.6 சதவீதம் குறைந்தது. இடைவெளிக்குக் காரணம் அலகுகளின் எண்ணிக்கை கூடியது. பந்தியில் ஆள் கூடினால் இலைக்கு விழும் சோறு குறையும், அவ்வளவுதான்.

சிங்கப்பூர் கணக்கு திருகோணமலைக்கு எதற்கு என்று யாரும் கேட்கக்கூடும். 2005 ஜூலையில் இந்த நிதியம் பங்குச் சந்தைக்கு வந்தபோது அலகு 68 சதம். கையில் இருந்தவை 15 கட்டடங்கள், எல்லாமே சிங்கப்பூருக்குள். இருபது வருடத்தில் இவ்வளவு பரந்திருக்கிறது. நம் இலங்கையிலும் இத்தகைய நிதியங்களுக்கான விதிகள் 2020 இல் வந்துவிட்டன. நம்முடைய துறைமுகத்தைச் சுற்றிக் களஞ்சியங்கள் வரும், சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகள் 99 உம் பாவனைக்கு வரும் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வருகிறேன். 2022 ஜனவரியில் அந்தத் தாங்கிகளுக்கு உடன்படிக்கையும் எழுதினார்கள். நாளைக்கு யாராவது ஒரு களஞ்சிய நிதியத்தின் அலகை மூதூரிலும் கிண்ணியாவிலும் விற்க வந்தால், நம் ஆட்கள் எந்த வரியைப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வைப்பார்கள்? மொத்த வருமானத்தையா?

தங்கள் பத்திரிகையை 40 வருடமாக வாசிக்கிறேன். யுத்த காலத்தில் பழைய பத்திரிகை கிடைத்தாலும் வாங்கி வைத்து வாசித்தவள். அந்த உரிமையில் கேட்கிறேன். ஜூலைக் கடைசியில் அடுத்த காலாண்டுக் கணக்கு வரும். அந்தச் செய்தியைப் போடும்போது ஓர் அலகுக்கு எத்தனை சதம், போன வருடம் இதே காலாண்டில் எத்தனை, அதில் கட்டடம் விற்ற காசு எவ்வளவு என்பதைத் தலைப்புக்குக் கீழேயே போடுங்கள். போன வருடம் அந்தக் காலாண்டுக்கு 2.068 சதம். என் கொப்பியில் அதற்குப் பக்கத்துக் கட்டத்தை வெறுமையாக விட்டு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கூட்டுறவுக் களஞ்சிய இலிகிதர்,
பாலையூற்று, திருகோணமலை.
2025 ஜூன்