தீக்குழம்புப் படத்தோடு அபாய வரைபடத்தையும் போடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐஸ்லாந்தில் எரிமலை சீறும்போதெல்லாம் உங்கள் உலகச் செய்திப் பக்கத்தில் தீக்குழம்பு ஓடும் படம் ஒன்று வருகிறது. கீழே நாலு வரி. மறுநாள் அந்த ஊர்ப் பேச்சே இருப்பதில்லை. அந்தத் தீவை முப்பது வருடம் கரும்பலகையில் வரைந்து பாடம் நடத்தியவள் நான். உள்ளபடியே எனக்கு வருத்தமாக இருக்கிறது. படம் எடுப்பதற்கு முன்னால் அங்கே நடந்ததுதான் செய்தி, அது நம் வாசகர்களுக்கு வந்து சேர்வதே இல்லை.

கிரிண்டாவிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். தென்மேற்குக் கரையில் சுமார் 3,800 பேர் வாழ்ந்த மீன்பிடி ஊர். 2023 நவம்பர் 10 மாலை அங்கே நிலம் விடாமல் அதிர்ந்தது. நில அதிர்வுக் கருவிகளும் ஜிபிஎஸ் நிலையங்களும் காட்டியதைச் சேர்த்துப் பார்த்தார்கள் வானிலை அலுவலகத்தார். மாக்மா, அதாவது நிலத்துக்கு அடியில் உருகிக் கிடக்கும் பாறைக்குழம்பு, சுமார் 15 கிலோமீட்டர் நீளத்துக்கு நிலத்தைப் பிளந்துகொண்டு ஊருக்கு அடியிலேயே வந்துவிட்டது தெரிந்தது. அன்றிரவே ஊரைக் காலி செய்தார்கள். ஆனால் எரிமலை சீறியது டிசம்பர் 18-ல்தான், அதுவும் ஊருக்கு வடக்கே சற்றுத் தள்ளி. ஐந்து வாரத்துக்கு மேல் ஒரு ஊரையே வெளியே வைத்திருப்பதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! 2024 ஜனவரி 14 விடியலுக்கு முன்பு, திரும்பி வந்திருந்தவர்களை மறுபடியும் வெளியேற்றினார்கள். சில மணி நேரத்தில் ஊர் ஓரத்திலேயே நிலம் பிளந்து மூன்று வீடுகள் எரிந்தன. உள்ளே யாரும் இல்லை.

பக்கத்தில் சுவார்ட்செங்கி என்ற இடத்தில் மாக்மா சேரச் சேர நிலம் மெல்ல எழும்பும், சீறியதும் தாழும். 2025 ஆகஸ்ட் வரை ஒன்பது முறை இப்படி நடந்தது. எவ்வளவு எழும்பிய பிறகு சீறியது என்ற கணக்கு அடுத்த எச்சரிக்கைக்குக் கைகொடுத்தது. எல்லா முறையும் அது ஒத்துவரவில்லை. அப்போது கணக்கைத் திருத்திக்கொண்டார்கள்.

எனக்கு மிகப் பிடித்த விஷயம் இனிமேல்தான் வருகிறது. ஐஸ்லாந்தில் நிலம் எழும்புவதற்கு மாக்மா மட்டும் காரணமில்லை. வாட்னயோகுல் என்ற பெரும் பனிக்களம் உருகி எடை குறைவதால் அதைச் சுற்றியுள்ள தரையும் உயர்ந்துகொண்டிருக்கிறது. தென்கிழக்கே ஹோப்ன் துறைமுகத்துக்கு வரும் வழியில் ஆழம் குறைகிறதே என்பது அங்குள்ள மீனவர்களின் கவலை. ஆக, ஒரு எரிமலைக்குப் பக்கத்தில் நிலம் உயர்ந்தால், பனி போனதால் எவ்வளவு, மாக்மா வந்ததால் எவ்வளவு என்று பிரித்தறிய வேண்டும். அதற்குப் பனியாறுகளின் பழைய அளவுகள் வேண்டும். நல்லவேளையாக, அவை அங்கே இருக்கின்றன. 1930 முதல் தன்னார்வலர்கள் பனியாற்று முனைகளுக்கு நடந்து போய் அது எவ்வளவு பின்வாங்கியிருக்கிறது என்று குறித்து வருகிறார்கள். சோல்ஹைமா பனியாற்றை 2010 முதல் பள்ளிப் பிள்ளைகளே ஆண்டுதோறும் அளக்கிறார்கள். இதைப் படித்தபோது என் வகுப்புப் பிள்ளைகளை நினைத்துக்கொண்டேன். ஓக் என்ற பனியாறு 2014-ல் பனியாறு என்ற தகுதியை இழந்தது. 2019-ல் அதற்கு நினைவுப் பலகை வைத்தார்கள்.

இந்தக் கவனம் சும்மா வந்துவிடவில்லை. 1995 ஜனவரியில் சூதாவிக் ஊரில் பனிச்சரிவு 14 பேரைக் கொன்றது. அதே ஆண்டு அக்டோபரில் பிளாட்டேரியில் 20 பேர். அங்கே புதைந்த வீடுகளில் பெரும்பாலானவை ஆபத்துப் பகுதி என்று வரையப்பட்ட கோட்டுக்கு வெளியே இருந்தவை. கோடு தப்பு என்று ஒப்புக்கொண்டு, பனிச்சரிவு ஆபத்தை மதிப்பிடும் வேலையை வானிலை அலுவலகத்திடம் கொடுத்தார்கள், ஊருக்கு மேலே தடுப்பணைகள் கட்டினார்கள். 2020 ஜனவரியில் பனி அந்த அணையையும் தாண்டி ஒரு வீட்டுக்குள் புகுந்தது. ஒரு சிறுமியை உயிரோடு தோண்டி எடுத்தார்கள். யாரும் இறக்கவில்லை.

மழை, ஆற்று வெள்ளம், நிலநடுக்கம், எரிமலை, பனிச்சரிவு, பனியாறு என எல்லாவற்றையும் அந்த நாட்டில் ஒரே அலுவலகம் கவனிக்கிறது. அவர்கள் வெளியிடும் அபாய வரைபடத்தில் எந்தப் பகுதியில் எவ்வளவு ஆபத்து என்று நிறம் பிரித்துக் காட்டியிருக்கும், ஆங்கிலத்திலும் கிடைக்கும். அடுத்த முறை தீக்குழம்புப் படத்தைப் போடும்போது, பக்கத்தில் அந்த வரைபடத்தையும் தமிழில் குறிப்பு எழுதிப் போடுங்கள். அரைப் பத்தி இடம் போதும். குறிப்புகளை மொழிபெயர்த்துத் தர ஆள் வேண்டுமென்றால் நானே தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை,
தேனி.