அண்டாவைத் திருப்பிக் கொடுக்கும் முன் ஒரு நன்றி மடல்

சுங்கை சிப்புட், பேரா
நவம்பர் 2025

பழைய தோட்டத்து உறவுகளுக்கும், எங்கள் தாமானின் (குடியிருப்பின்) அண்டை வீட்டாருக்கும், கோவில் இளைஞர்களுக்கும் அன்பு வணக்கம்.

அக்டோபர் 25, சனிக்கிழமை எங்கள் வீட்டில் நடந்த தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்கு வந்து போனவர்கள் இன்னும் தொலைபேசியில் அழைத்து என்னைப் பாராட்டிக்கொண்டிருக்கிறார்கள். "அத்தனை பேருக்கும் ஆக்கிப் போட்டுவிட்டு முகத்தில் களைப்பே இல்லையே, எப்படி?" என்று கேட்கிறார்கள். ஆக்கியது நான் இல்லை என்பதுதான் காரணம். ஊரார் செய்த வேலைக்கான பாராட்டு என் பெயரில் வரவு வைக்கப்படுகிறது. இதை இப்படியே விடுவது நன்றாக இருக்காது என்பதால், யார் யார் என்ன செய்தார்கள் என்று எழுதிவிடுகிறேன். பெயர் போட்டு எழுதினால், விடுபட்ட ஒருவரிடம் ஆண்டு முழுவதும் பேச்சுக் கேட்க வேண்டியிருக்கும். ஆகவே முறை சொல்லியே எழுதுகிறேன். யார் என்று உங்களுக்கே தெரியும்.

எங்கள் மாமியாரின் தீபாவளியைக் கண்டவர்கள் நீங்கள். தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருந்த காலத்திலும், இந்த வீட்டுக்குக் குடிவந்த பிறகும், விடியற்காலை மூன்று மணிக்கே அடுப்பை மூட்டிவிடுவார். யாரையும் கரண்டி தொட விடமாட்டார். வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு, மாலை நான்கு மணிக்கு, சமையலறைக் கதவில் சாய்ந்து நின்றபடி மிச்சக் குழம்பை ஊற்றிச் சாப்பிடுவார். அதைத் தியாகம் என்று பேசுகிறார்கள். அவருடைய கைமணத்துக்கு ஈடில்லைதான். ஆனால் நின்றபடி சாப்பிட்டதைப் பெருமைப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலமெல்லாம் அவர் நின்றே பிழைத்தார். தீபாவளிக்காவது உட்கார்ந்திருக்கலாம்.

அவருடைய மறைவால் சென்ற ஆண்டு எங்களுக்குப் பண்டிகை இல்லை. இந்த ஆண்டு மறுபடியும் கதவைத் திறப்பது என்று முடிவானதும், சமையலை ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் ஒப்படைத்து முன்பணமும் கொடுத்தோம். பண்டிகை நெருங்கும் நேரத்தில், அதே நாளில் பெரிய கல்யாணம் ஒன்று கிடைத்துவிட்டதாகச் சொல்லி அவர் கைவிரித்துவிட்டார். முன்பணம் அரைகுறையாகத் திரும்பி வந்தது. நன்றி சொல்ல வேண்டியவர்களில் அவரையும் சேர்த்துக்கொள்ளலாம் என்றுதான் இப்போது தோன்றுகிறது. அவர் வந்திருந்தால் நீங்கள் யாரும் வந்திருக்க மாட்டீர்கள், விருந்தாளியாகத் தவிர.

முதல் நன்றி மூன்றாம் லயத்து அக்காவுக்கு. செய்தி தெரிந்த அன்று மாலையே எங்கள் வாசலில் வந்து உட்கார்ந்து, "இனிமேல் ஒரு வீட்டுக்கு ஒரு பலகாரம்" என்று தீர்ப்புச் சொன்னவர் அவர். யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஆறு வகை செய்கிறோம். தனித்தனியே இடுப்பொடிகிறோம். தட்டில் வைத்து அடுத்த வீட்டுக்கு அனுப்பினால் அங்கிருந்தும் அதே ஆறு வகைதான் திரும்பி வருகிறது. இந்தக் கூத்தை யார் தொடங்கி வைத்தார்களோ! அக்காவின் ஏற்பாட்டில் ஒரு வீட்டுக்கு நெய் உருண்டை, ஒரு வீட்டுக்கு ஓமப்பொடி, இன்னொரு வீட்டுக்கு அச்சு முறுக்கு, எங்களுக்குக் கைக்குப் பழகிய சாதாரண முறுக்கு. மொத்தமாகச் செய்து, பிறகு டப்பா டப்பாவாகப் பங்கிட்டுக்கொண்டோம்.

அதிரசத்தை அக்கா தமக்கே வைத்துக்கொண்டார். செய்து பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியும். ஊறவைத்த பச்சரிசியை ஈரம் முழுவதும் காயாத பக்குவத்தில் மாவாக்க வேண்டும். பாகு சற்றே முற்றினால் அதிரசம் கல்லாகிவிடும். இளகினால் எண்ணெயில் பிரிந்து போகும். ஆனால் மாவைப் பாகில் கிளறி வைத்துவிட்டால் அது ஓரிரு நாள் ஊறிக் கிடப்பதே நல்லது. சாவகாசமாக, வேண்டும்போது தட்டிப் போட்டுக்கொள்ளலாம். வெல்லத்தோடு கொஞ்சம் குலா மலாக்காவும் சேர்த்திருந்தார். தென்னம்பாளைச் சாற்றைக் காய்ச்சிச் செய்யும் அந்தச் சர்க்கரையால்தான் அந்த நிறமும் வாசமும். வந்தவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்களே, இதுதான் இரகசியம்.

அதிரசம் ஏன் அவ்வளவு சிறியது என்று கேட்டவர்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். இந்நாட்டில் வயது வந்தவர்களில் ஆறில் ஒருவருக்கு நீரிழிவு என்று 2023-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு சொல்கிறது. இந்தியர்களிடையே அது இன்னும் அதிகம். எங்கள் கூட்டத்தில் மாத்திரைப் பெட்டி இல்லாத கைப்பையே இல்லை. "வேண்டாம் என்றால் ஏக்கம், பெரிதாகக் கொடுத்தால் மயக்கம். சின்னதாகக் கொடு" என்றார் அக்கா. சின்னதாக இரண்டு எடுத்துக்கொண்ட மாமாக்களை நான் பார்க்காமல் இல்லை.

அச்சு முறுக்குக்கு அச்சுக் கொடுத்தவர் மளிகைக்கடைத் தவுக்கேயின் (சீன முதலாளியின்) மனைவி. சீனர் வீட்டில் அச்சு முறுக்கு அச்சா என்று இளம்பிள்ளைகளுக்கு ஒரே வியப்பு. அரிசி மாவு, முட்டை, தேங்காய்ப்பால், சர்க்கரை கலந்த அதே மாவுதான் அவர்களுக்குப் புத்தாண்டுப் பலகாரம். மலாய்க்காரர் வீடுகளில் அதுவே நோன்புப் பெருநாளின் குவே ரோஸ். புது அச்சில் மாவு ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும். எண்ணெயில் காய்ந்து காய்ந்து பழகிய அச்சுதான் பூவைத் தானாகக் கழற்றிவிடும். தவுக்கே வீட்டு அச்சு அவருடைய தாயார் காலத்துப் பித்தளை. அதை இரவல் கொடுக்க ஒரு மனம் வேண்டும்.

அடுத்து, ஆட்டுக் கூறு. அக்டோபர் 19, ஞாயிற்றுக்கிழமை, தீபாவளிக்கு முதல் நாள், அதை நடத்திக் கொடுத்தவர் எங்கள் முன்னாள் மண்டோர் (தோட்டத்துக் கங்காணி) பெரியப்பா. தோட்டத்தில் இருந்தவரை கறிக்கடைக்குப் போய் வரிசையில் நின்றவர் யாருமில்லை. நாலைந்து குடும்பம் சேர்ந்து பணம் போட்டு ஓர் ஆடு வாங்கும். தராசு கிடையாது. வாழை இலைகளை வரிசையாக விரித்து, ஒவ்வோர் இலையிலும் நல்ல கறி, எலும்பு, கொழுப்பு, ஒரு துண்டு ஈரல் என்று கண்ணளவாகவே கூறு போடுவார்கள். கூறு போட்டவர் ஓர் இலையைத் தொட்டு, "இது யாருக்கு?" என்பார். முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்கும் சிறுவன் ஒரு பெயரைச் சொல்வான். அதற்கு மேல் முறையீடு கிடையாது. ரப்பர் போய்ச் செம்பனை (எண்ணெய்ப் பனை) வந்து, லயங்கள் இடிபட்டு, ஆளாளுக்கு ஒரு தாமானில் குடியேறிய பிறகு அந்த வழக்கமும் போயிற்று.

இந்த ஆண்டு ஆடு வாங்கலாம் என்று சொன்னபோது, இது நடக்குமா என்று எங்கள் வீட்டிலேயே தயங்கினார்கள். பெரியப்பா விடவில்லை. இந்த ஊரில் 1919-இல் பிறந்த, அந்நாள் அமைச்சர் துன் சம்பந்தன், தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதை அவர் எப்போதும் சொல்வார். பால்மரம் வெட்டியவர்களே பங்குப் பணம் கட்டித் தோட்டத்தில் பங்காளிகள் ஆனார்கள். "தோட்டமே வாங்கியவர்களுக்கு ஓர் ஆடு வாங்க வக்கில்லையா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு யார் பேசுவது? பண்ணையிலேயே அறுத்துச் சுத்தம் செய்து கொண்டுவந்து, எங்கள் கார் நிறுத்தும் இடத்தில் இலை விரித்துக் கூறு போட்டார். முதுகைத் திருப்பி நின்று பெயர் சொன்னவன் கோலாலம்பூரிலிருந்து வந்த பேரன். பாதிப் பேரின் பெயர் தெரியாமல், "தொப்பி போட்ட தாத்தாவுக்கு" என்று சொன்னான். அந்தத் தாத்தாவுக்கு அன்று நல்ல கூறு. கறி வாங்கும் செலவும் அலைச்சலும் குறைந்ததைவிட, வாசலில் அந்தக் காலைப் பொழுது கிடைத்ததற்காகப் பெரியப்பாவுக்கு நன்றி.

உபசரிப்பு நாளின் சமையலில் ஒரு சிக்கல் இருந்தது. தீபாவளி முடிந்த கையோடு, 22-ஆம் தேதி கந்த சஷ்டி விரதம் தொடங்கி, 27-இல் சூரசம்ஹாரம். எங்கள் சனிக்கிழமை சரியாக நடுவில் வந்து விழுந்தது. விரதக்காரர்கள் அசைவச் சமையல் நடக்கும் அடுப்பங்கரையில் கை நனைக்க மாட்டார்கள். மலாய் நண்பர்களுக்கு ஹலால் கவலை இருக்கக் கூடாது. கோழி இல்லாத விருந்து விருந்தே இல்லை என்பவர்களும் நம்மில் ஏராளம். இதை ஒரே வரியில் தீர்த்தவர் பக்கத்து வீட்டு மாக்சிக் (மலாய் அத்தை). "உங்கள் வீட்டில் முழுக்கச் சைவம் ஆக்குங்கள், கோழியை என் வீட்டில் ஆக்கிக்கொள்கிறேன்" என்றார். அவ்வளவுதான். காய்கறிப் பிரியாணி, பருப்புக் குழம்பு, கத்தரிக்காய்ப் பிரட்டல், ரசம், பாயசம் எல்லாம் எங்கள் அடுப்பில். கோழி ரெண்டாங் அவருடைய பாத்திரத்தில், அவருடைய அடுப்பில், வேலிக்கு அந்தப் பக்கம் தனி மேசையில்.

மாக்சிக்கின் கைப்பக்குவத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பேராவுக்கே பெயர் வாங்கித் தந்த ரெண்டாங் தோக் வழக்கமாக மாட்டிறைச்சியில் செய்வது. வறுத்த தேங்காயை எண்ணெய் கசிய இடித்துப் போட்டு, தேங்காய்ப்பால் முழுவதும் சுண்டும்வரை மணிக்கணக்கில் கிளற வேண்டும். எங்கள் வீட்டு விருந்து என்பதால், யாரும் சொல்லாமலே, அந்தப் பக்குவத்தை அவர் கோழியில் காட்டினார். "தெரிமா காசே, மாக்சிக்" என்று நேரில் சொன்னேன். போதவில்லை.

தோட்டத்து மருத்துவமனையில் டிரசராக (மருத்துவ உதவியாளராக) இருந்து ஓய்வு பெற்ற ஐயாவைப் பற்றிப் பிள்ளைகள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. வெந்த உணவு 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட சூட்டில் கிடந்தால் கிருமிகள் விறுவிறுவென்று பெருகும் என்றும், இரண்டு மணி நேரத்துக்கு மேல் மேசையில் வைக்கக் கூடாது என்றும் சொல்லி, சுவர்க் கடிகாரத்துக்குக் கீழேயே நாற்காலி போட்டு அமர்ந்துவிட்டார். நம் ஊர் வெயிலுக்கு ஒரு மணி நேரமே அதிகம் என்பது அவர் கட்சி. தேங்காய்ப்பால் சேர்ந்த உணவும் சோறும் முதலில் கெடும் என்பார். இதனால் ஒரே அண்டாவில் எல்லாவற்றையும் ஆக்கி வைக்காமல், பிரியாணியை இரண்டு ஈடாகப் போட்டோம். விடியற்காலையில் எழுந்து மொத்தத்தையும் ஆக்கி முடிக்க வேண்டிய கட்டாயமே போயிற்று! பன்னிரண்டரைக்கு வந்தவர்களுக்கும் ஆவி பறக்கும் சோறு. மிஞ்சியதை, சூடு அடங்குமுன் பொட்டலம் கட்டி, தாப்பாவ் கேட்டவர்கள் கையில் கொடுத்து, "நேரே வீட்டுக்குப் போ, வழியில் கடைக்குப் போகாதே" என்று அனுப்பி வைத்தவரும் ஐயாதான். யாருக்கும் வயிறு கெடவில்லை. இது அவர் கணக்கில் போக வேண்டிய பாராட்டு.

கோவில் இளைஞர்கள் முதல் நாள் இரவே கூடாரம் போட்டுக் கொடுத்தார்கள். அக்டோபரில் இங்கே பிற்பகல் ஆனால் இடியும் மழையும்தான் என்பதால், பத்து மணிக்குத் தொடங்கி இரண்டு மணிக்கு முடிப்பது என்று நேரம் குறித்துக் கொடுத்ததும் அவர்களே. மழை மூன்று மணிக்கு மேல் வந்தது. வாகனம் நிறுத்த வழிகாட்டிய தம்பிகள், வாழை இலை அறுத்துத் துடைத்த தங்கைகள், ஐஸ் பெட்டிகளும் ஒரு கூடை தம்புன் பம்பளிமாசும் அனுப்பிய தவுக்கே, வெங்காயம் தக்காளியின் பண்டிகைக்கால உச்சவரம்பு விலையைக் கடைக்காரருக்கே நினைவூட்டி வாங்கிவந்த சித்தப்பா, அனைவருக்கும் நன்றி.

பாத்திரம் கழுவியவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். கோலாலம்பூரிலிருந்து ரயிலில் வந்து இறங்கிய மைத்துனர்கள் இருவரும், பின்வாசல் குழாயடியில் முக்காலி போட்டு உட்கார்ந்து, கடைசி அண்டாவரை தேய்த்துவிட்டுத்தான் எழுந்தார்கள். மாமியார் இருந்திருந்தால் இதை அனுமதித்திருக்கவே மாட்டார். ஆண்பிள்ளைகளைக் குழாயடியில் உட்கார வைத்ததற்காக என்னைத் திட்டியிருப்பார். திட்டிக்கொண்டே, அண்டாவின் அடி சரியாகத் தேய்ந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்திருப்பார்.

அன்று நான் இலை போட்டு, உட்கார்ந்து, மூன்றாம் லயத்து அக்கா பரிமாற, சூடாகச் சாப்பிட்டேன். ரசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டேன்.

இனிக் காரியத்துக்கு வருகிறேன். கோவில் அண்டாக்கள் இரண்டும் எங்கள் வீட்டில் இருக்கின்றன. பிப்ரவரி 1-ஆம் தேதி தைப்பூச அன்னதானத்துக்கு அவை வேண்டும் என்பதால் இந்த வாரமே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறோம். நீல மூடி போட்ட பெரிய டப்பா, பூப்போட்ட குடை, குழந்தையின் ஒற்றைச் செருப்பு ஆகியவை உரியவர் வரக் காத்திருக்கின்றன. அச்சு முறுக்கு அச்சைக் கடைசியாக ஓமப்பொடி வீட்டில் பார்த்ததாகத் தகவல். கையில் வைத்திருப்பவர்கள் தயவு செய்து கழுவாமல், எண்ணெய் மட்டும் துடைத்துக் கொண்டுவந்து கொடுங்கள். பிப்ரவரி 17 சீனப் புத்தாண்டு. அதற்குள் அது தவுக்கே வீட்டுக்குப் போயாக வேண்டும். அதன் பிறகு நோன்புப் பெருநாளுக்கு மாக்சிக் கேட்டிருக்கிறார்.

அன்புடன்,
மண்டோர் பெரியப்பாவின் தம்பி வீட்டு மருமகள்