அவள் கேட்டதற்குப் பதில் சொல்லு

பாளையங்கோட்டை

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. வாட்ஸ்அப்பில் நாலு வரி போடாமல் உட்கார்ந்து கைப்பட எழுதியிருக்கிறாய் என்றதுமே விஷயம் பெரியது என்று புரிந்துவிட்டது. அதனால் அவசரமாகப் பதில் போட மனம் வரவில்லை. நேற்று ஆராதனை முடிந்து, வீட்டில் எல்லாரும் சாப்பிட்டுப் படுத்த பிறகு எழுத உட்கார்ந்தேன்.

முதலில் வீட்டுச் சேதி. மூத்தவள் அடுத்த மாதம் பிரசவத்துக்கு இங்கே வருகிறாள். மாடி அறையை வெள்ளையடித்து வைத்திருக்கிறோம். இவருக்குச் சர்க்கரை இப்போது கட்டுக்குள் இருக்கிறது, சாயங்காலம் நடக்கப் போகிறார். எங்கள் சபையில் பிரதிஷ்டைப் பண்டிகை அசன விருந்து நன்றாக நடந்தது. ஜாதி, மதம் பார்க்காமல் தெருவே வந்து பந்தியில் உட்கார்ந்தது. உன் அம்மா இருந்திருந்தால் முதல் பந்தியிலேயே பரிமாற நின்றிருப்பார்கள் என்று நானும் என் தங்கையும் பேசிக்கொண்டோம்.

சரி, உன் அலுவலகத் தோழி விஷயத்துக்கு வருகிறேன்.

மத்தியானம் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே, "நீங்க கும்பிடுற இயேசுவைப் பத்தி எனக்குச் சொல்லுங்கக்கா, எனக்கும் நம்பணும்னு தோணுது" என்று அவள் கேட்டதாக எழுதியிருந்தாய். அந்த வரியை நான் பலமுறை வாசித்தேன். இதைவிட நேராக ஒருத்தி எப்படிக் கேட்பாள்? நீயோ, "நான் என்ன பிரசங்கியா? எங்க ஆயரைக் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போகட்டுமா?" என்று என்னைக் கேட்கிறாய். வேண்டாம். ஆயர் வருகிற நேரம் பிறகு வரும். அவள் கேட்டது உன்னிடம்.

அப்போஸ்தலர் எட்டாம் அதிகாரத்தை எடுத்து மெதுவாக வாசி. பிலிப்பு சமாரியாவில் கூட்டம் கூட்டமாக ஜனங்களுக்குப் பிரசங்கித்துக்கொண்டு இருந்தவர். அவரை ஆண்டவர் அங்கிருந்து எழுப்பி, எருசலேமிலிருந்து காசாவுக்குப் போகிற வனாந்தர வழிக்கு அனுப்புகிறார், ஒரே ஒரு மனுஷனுக்காக. எத்தியோப்பிய ராஜஸ்திரீயின் மந்திரி ரதத்தில் உட்கார்ந்து ஏசாயாவை வாசித்துக்கொண்டு போகிறார். பிலிப்பு ஓடிப்போய்ச் சேர்ந்ததும் முதலில் செய்தது பிரசங்கம் இல்லை, ஒரு கேள்வி: "நீர் வாசிக்கிறவைகளின் கருத்து உமக்குத் தெரியுமா?" ஒருவன் எனக்குத் தெரிவிக்காவிட்டால் எப்படித் தெரியும் என்று சொல்லி, பக்கத்தில் வந்து உட்காரும்படி மந்திரியே வேண்டிக்கொள்கிறார். அவர் வாசித்துக்கொண்டிருந்த அதே வாக்கியத்திலிருந்துதான் பிலிப்பு தொடங்குகிறார். கடைசியில் தண்ணீரைக் காட்டி, "நான் ஞானஸ்நானம் பெறுகிறதற்குத் தடையென்ன" என்று கேட்டதும் மந்திரிதான், பிலிப்பு இல்லை. பிலிப்பு வந்து சேரும் முன்பே ஆவியானவர் அந்த மனதில் வேலை செய்திருந்தார்.

உன் தோழி விஷயத்திலும் அப்படித்தான் என்று நான் மனதார நம்புகிறேன். அவளை அசைக்கிற வேலை உன்னுடையது இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டியதுதான் உன் பங்கு.

அவள் ஏன் உன்னைக் கேட்டாள் என்று யோசித்துப் பார்த்தாயா? உன் வீட்டுக்காரர் படுத்த படுக்கையாகக் கிடந்த மாதங்களில் நீ எந்த முகத்தோடு வேலைக்கு வந்தாய், யாரிடம் கோபப்பட்டாய், எப்போது பாத்ரூமுக்குள் போய் அழுதுவிட்டு வந்தாய், எல்லாவற்றையும் அடுத்த மேஜையிலிருந்து பார்த்தவள் அவள். உன்னைத் தாங்கினவர் யார் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். அதை உள்ளபடி சொல்லு. உன் ஜெபத்துக்குப் பதில் வந்ததையும் சொல்லு, வராமல் போனதையும் சொல்லு. சாட்சிக் கூட்டத்தில் சொல்வதுபோல் அலங்காரமாக வேண்டாம்.

இதோடு ஒன்று. ஆறுதலை மட்டும் சொல்லி நிறுத்திவிடாதே. நம்மில் பலர் அங்கேயே நின்றுவிடுகிறோம், கேட்கிறவர்களும் ஒரு கஷ்டம் தீர்ந்ததும் போய்விடுகிறார்கள். இயேசு நம் பாவங்களுக்காகச் சிலுவையில் மரித்தார், மூன்றாம் நாள் உயிரோடு எழுந்தார், இன்றைக்கும் உயிரோடு இருக்கிறார், அவரை நம்பி வருகிற யாரையும் தள்ளமாட்டார். இது நம்முடைய சுவிசேஷம். இதைச் சொல்ல வேதாகமக் கல்லூரி தேவையில்லை. நாம் ஓய்வுநாள் பள்ளியில் படித்ததுதான்.

அவளுடைய மகனுக்கு வலிப்பு வருகிறது என்று எழுதியிருந்தாய். அவனுக்காக அவளோடு சேர்ந்து ஜெபம் பண்ணு, தினமும் பண்ணு. ஆனால் "நம்பினால் பிள்ளை சுகமாகிவிடுவான்" என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதே. அது ஆண்டவர் கையில் இருப்பது. மாத்திரையையும் நிறுத்தச் சொல்லாதே, யாராவது நிறுத்தச் சொன்னால் நீயே குறுக்கே நில். அப்புறம், அவள் வீட்டுக் குலதெய்வத்தைப் பற்றி ஒரு வார்த்தை இளக்காரமாக வாயில் வரக்கூடாது. அவள் தாயும் பாட்டியும் கண்ணீரோடு போய் நின்ற இடம் அது. இயேசுவைப் பற்றிச் சொல்லவே நமக்கு அவ்வளவு இருக்கிறது.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டிருந்தாய். லூக்கா சுவிசேஷத்திலிருந்து ஆரம்பி. எங்கள் எதிர் வீட்டில் குடியிருந்த பெண்ணோடு நான் அப்படித்தான் வாசித்தேன். மத்தியான வேளையில் வருவாள். ஆளுக்கொரு பக்கம் முறத்தை வைத்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே ஒரு பகுதி வாசிப்போம். அவள்தான் சத்தமாக வாசிப்பாள், நான் கேட்டுக்கொண்டு இருப்பேன். எட்டாம் அதிகாரத்தில், பன்னிரண்டு வருஷம் பெரும்பாடுள்ள, அதாவது உதிரப்போக்கு நிற்காத, ஸ்திரீயின் கதை வந்ததும் கீரையைக் கீழே வைத்துவிட்டாள். "சொத்தையெல்லாம் வைத்தியருக்கே கொடுத்திருக்கிறாளே" என்றாள். அந்த ஸ்திரீ கூட்டத்துக்குள் பின்னால் வந்து இயேசுவுடைய வஸ்திரத்தின் ஓரத்தைத் தொட்டதை வாசித்தாள். "மகளே, திடன்கொள்" என்ற இடத்துக்கு வந்ததும் மேலே போகவில்லை. திரும்பவும் முதலிலிருந்து வாசித்தாள். "எல்லார் முன்னாலேயும் மகளேன்னு கூப்பிட்டாரா?" என்று என்னைக் கேட்டாள். ஆமாம் என்று மட்டும் சொன்னேன். அன்றைக்கு விளக்கம் ஒன்றும் கொடுக்கவில்லை, அவளுக்குத் தேவைப்படவும் இல்லை. அவள் விலகி இருக்க வேண்டிய நாட்களில் அவள் மாமியார் வீட்டில் எங்கே படுக்க வைத்தார்கள் என்பது எனக்கு அதற்கு அப்புறம்தான் தெரியவந்தது.

அதனால் நீ வாசித்துக் காட்டாதே, அவளை வாசிக்கவிடு. எந்த இடத்தில் நிற்கிறாள் என்று பார்த்தாலே போதும், எதைப் பேச வேண்டும் என்று தெரிந்துவிடும்.

அவசரப்படாதே என்று நான் சொல்வதற்கு நம்ம ஊரிலேயே ஒரு பெரிய உதாரணம் உண்டு. ஹெச்.ஏ. கிருஷ்ண பிள்ளை. 1827-ல் கரையிருப்பில் பிறந்தவர், வைணவக் குடும்பம், கம்பனில் ஊறியவர். சாயர்புரத்தில் மிஷன் பள்ளிக்குத் தமிழாசிரியராகப் போனார். சுற்றிலும் கிறிஸ்தவர்கள், தினமும் ஜெபம், வேதபாடம். அதைக் கேட்டதும் மனம் மாறிவிடவில்லை. அவருடைய தம்பி முத்தையா பிள்ளையும் நண்பர் தனகோடி ராஜுவும் அவருக்கு முன்பே கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டார்கள். அறிவில் அவ்வளவு பெரிய மனுஷனுக்கும், பக்கத்தில் ஒரு தம்பியும் ஒரு சிநேகிதனும் வேண்டியிருந்தது. தனக்குள்ளேயே போராடி, தெளிந்து, 1858-ல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். கிருஷ்ண பிள்ளை என்ற பேரைக் கடைசிவரைக்கும் விடவில்லை. பேரை மாற்ற வேண்டுமா, பூ வைக்கக்கூடாதா என்று உன் தோழி கேட்டால் இவரைப் பற்றிச் சொல்லு. கம்பனிடம் கற்ற தமிழையும் அவர் தூக்கிப் போடவில்லை. அதே தமிழில்தான் பிற்பாடு இரட்சிப்பைப் பற்றிக் காவியம் பாடினார்.

இன்னொன்றையும் நீ அவளிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர்கள் எஸ்.சி. என்று எழுதியிருந்தாய், மகள் அந்தச் சான்றிதழில்தான் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள் என்றும். 1950-ல் வந்த குடியரசுத் தலைவர் ஆணைப்படி அந்தத் தகுதி முதலில் இந்துக்களுக்கு மட்டும்தான் இருந்தது. பிறகு 1956-ல் சீக்கியர்களையும் 1990-ல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களை இன்றுவரை சேர்க்கவில்லை. மதம் மாறியவர்களை நம் மாநிலத்தில் பி.சி. பட்டியலில் வைத்திருக்கிறார்கள். இது அநியாயம் என்று நம் சபைகள் ஆகஸ்ட் 10-ஐக் கறுப்பு தினமாக அனுசரித்துக் கேட்டுக்கொண்டே இருக்கின்றன. ஆனாலும் இன்றைய நிலை இதுதான். ஞானஸ்நானம் வாங்கிய பிறகு இதை வேறு யாரோ சொல்லி அவள் தெரிந்துகொண்டால், நீ அவளை ஏமாற்றியதாகத்தானே நினைப்பாள்? செல்லும் செலவைக் கணக்குப் பார்க்கச் சொன்னவர் இயேசுவே. வீட்டுக்காரரும் மகளும் இதில் கலந்து பேச வேண்டும். அவர்கள் பேசி முடிக்கிற வரைக்கும் காத்திரு. எத்தனை மாதம் ஆனாலும் சரி. அதுவரை அவள் இயேசுவிடம் பேசுவதை யாரும் தடுக்க முடியாது.

வீட்டுக்காரருக்குத் தெரியாமல் எதுவும் செய்ய வேண்டாம் என்று நீ எழுதியது சரி. நீயும் உன் வீட்டுக்காரரும் ஒரு ஞாயிறு சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போய், காப்பி குடித்து, பிள்ளைகளோடு பேசிவிட்டு வாருங்கள். அன்றைக்கு வேதாகமம் கையில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. இன்னொன்று, தயவுசெய்து அவள் பேரை உங்கள் ஜெபக்குழு வாட்ஸ்அப்பில் போட்டுவிடாதே. "ஒரு சகோதரி இரட்சிப்புக்குள் வருகிறாள், ஜெபியுங்கள்" என்று ஒரு வரி போட்டால் போதும், மறுநாள் அது எந்தெந்த வீட்டுக்குப் போகும் என்று நமக்குத் தெரியும். அவள் உன்னை நம்பித் தனியாகச் சொன்னதைத் தனியாகவே ஆண்டவரிடம் சொல்லு.

வெள்ளாளன்விளை அசரியாவைப் பற்றி நாம் ஹாஸ்டலில் படித்திருக்கிறோம். 1912-ல் தோர்ணக்கல் பேராயர் ஆனவர். அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1910-ல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் பேசினார். கேட்டுக்கொண்டு இருந்தவர்கள் பெரும்பாலும் மேல்நாட்டார், அவர்களில் எத்தனையோ பேர் இந்தியாவுக்காக ஆஸ்தியையும் உயிரையும் கொடுத்த மிஷன்களைச் சேர்ந்தவர்கள். அவர்களைப் பார்த்து, ஏழைகளுக்கு உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரத்தையும் கொடுத்தீர்கள், எங்களுக்கு அன்பும் வேண்டும், நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். எனக்கு இந்த நாட்களில் அந்த வார்த்தை அடிக்கடி ஞாபகத்துக்கு வருகிறது. இன்றைக்கு அதை நம்மைப் பார்த்துத்தான் கேட்க வேண்டும். புதிதாக ஒருவர் விசுவாசத்துக்கு வந்தால் மேடையில் ஏற்றிச் சாட்சி சொல்லச் சொல்கிறோம், கைதட்டுகிறோம். அடுத்த ஞாயிறு அவர்கள் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள்? ஆராதனை முடிந்ததும் வீட்டுக்குச் சாப்பிட யார் கூப்பிடுகிறார்கள்? எந்த ஊர், என்ன ஆட்கள் என்று விசாரிக்கிற பழக்கம் நம் சபைகளைவிட்டு இன்னும் போகவில்லை. அவளும் அவள் பிள்ளைகளும் அந்தக் கேள்வியைச் சந்திக்கும்போது நீ பக்கத்தில் நிற்க வேண்டும். சுவிசேஷம் சொல்வதைவிட இது உனக்கு அதிகக் கஷ்டமாக இருக்கும் என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் விசாரிக்கப்போகிறவர்களில் நம் சொந்தக்காரர்களும் இருப்பார்கள்.

ஒருவேளை எல்லாம் கேட்டுவிட்டு, "இப்போ வேண்டாம்க்கா" என்று அவள் சொன்னாலும், மறுநாள் மத்தியானம் அதே மேஜையில் அவளோடு உட்கார்ந்து சாப்பிடு. குழம்பு மாற்றிக்கொள்ளுங்கள்.

பெரிய எழுத்தில் லூக்கா மட்டும் தனிப் புத்தகமாக என்னிடம் ஒன்று இருக்கிறது, எளிய தமிழ். அடுத்த வாரம் என் தம்பி கோயம்புத்தூர் வருகிறான், அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். கூடவே கருப்பட்டியும் பனங்கிழங்கும் வரும், கிழங்கை அன்றைக்கே அவித்துவிடு. அவளுக்கும் கொடு. மகனுக்கு எந்த டாக்டர் பார்க்கிறார், என்ன மாத்திரை என்று கேட்டு எழுது. என் மைத்துனர் நரம்பியல் பிரிவில் வேலை பார்க்கிறார், விசாரித்துச் சொல்லச் சொல்கிறேன். அவள் சம்மதித்தால் மட்டும் பேரைச் சொல்லு. இல்லாவிட்டால் "என் தோழியின் தோழி" என்றே ஜெபம் பண்ணுகிறேன்.

இப்படிக்கு,
உன் ஹாஸ்டல் சிநேகிதி