கரையிலிருந்து ஐந்து மீட்டர்

அன்புள்ள நண்பா,

உன் கடிதத்தை மூன்று முறை படித்துவிட்டேன். முழங்கால் அறுவைச் சிகிச்சை முடிந்த ஆறே மாதத்தில் நாள்தோறும் மூன்று கிலோமீட்டர் நடக்கிறாய் என்பதைப் படித்தபோது மனம் குளிர்ந்தது. மருத்துவர் சொல்லியும் நடக்காதவனை ஒரு நாய்க்குட்டி நடக்கவைத்துவிட்டது. சிட்டு என்று பெயர் வைத்தது மிகப் பொருத்தம். புகைப்படத்தில்கூட ஓர் இடத்தில் நிலைகொள்ளாமல்தான் நிற்கிறாள். இங்கே எல்லோரும் நலம். எனக்கு இடக்கண்ணில் புரை நீக்கி இரண்டு மாதம் ஆகிறது. தூரத்து எழுத்து இப்போது தெளிவாகத் தெரிகிறது. மகள் வேலை மாறிக்கொண்டு மறுபடியும் எங்களோடு வந்துவிட்டாள். வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்கிறது.

ஆனால் உன் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் இருக்கும் நாலு வரி என்னைத் தூங்கவிடவில்லை. நீர்த்தேக்கக் கரைக்குப் போனதும் சிட்டுவை அவிழ்த்துவிடுகிறாய்; அவள் தினமும் அதே சரிவில் இறங்கித் தண்ணீர் குடித்து, ஒரு முங்கு போட்டுவிட்டு வருகிறாள். முதலை இருப்பதாக மறுகரையில் பலகை வைத்திருக்கிறார்கள், ஆனால் இத்தனை நாளில் நீ ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. நீ பார்க்கவில்லை என்பதை நம்புகிறேன். அது உங்கள் இருவரையும் பார்க்கவில்லை என்பதைத்தான் என்னால் நம்ப முடியவில்லை.

என் நாய் மணியைப் பற்றி உன்னிடம் நான் சொல்லாமல் வைத்திருந்த ஒன்று உண்டு. அவன் வயதாகி, வீட்டுத் திண்ணையில் படுத்தபடியே போனான் என்பது உனக்குத் தெரியும். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே அவன் போயிருக்க வேண்டியது. அப்போது நாங்கள் ஆற்றங்கரையை ஒட்டிக் குடியிருந்தோம். பொழுது சாயும் நேரத்தில் அவனைக் கூட்டிக்கொண்டு கரையோரப் பாதையில் போவேன். கோடையில் தண்ணீர் உள்வாங்கி, சேறு அகலமாக விரிந்து கிடந்தது. ஒரு சரிவில் இறங்கி அவன் தண்ணீர் குடிப்பான். மூன்று மாதம், ஒரே நேரம், ஒரே சரிவு. என் கையில் இருந்தது பொத்தானை அழுத்தினால் உருளையிலிருந்து நீண்டுகொண்டே போகும் கயிறு.

அன்று மணி தண்ணீருக்கு நாலடி முன்னால் நின்றுவிட்டான். முன்னங்கால் ஒன்று அந்தரத்தில். முதுகுத்தண்டின் மேல் மயிர் கோடு கிழித்ததுபோல் எழுந்து நின்றது. நான் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தேன். "போடா, குடி" என்று கயிற்றைத் தளர்த்தினேன். அவன் என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பிறகு, நான் சொல்லிவிட்டேன் என்பதற்காக இரண்டடி வைத்துக் கழுத்தை நீட்டினான். தண்ணீர் பிளந்தது. இரண்டு பலகைகளை ஓங்கி அறைந்ததுபோல் ஒரு சத்தம். மணி பின்னால் துள்ளி என் காலில் வந்து மோதினான். அவன் முகம் இருந்த இடத்தில் தாடை மூடியிருந்தது. பாதி உடல் சேற்றின் மேல் கிடந்தது. மறுகணம் அது வந்த வழியே பின்னோக்கி நழுவியது. ஐந்தாறு நொடிகளில் தண்ணீர் மூடிக்கொண்டது. ஒரு குமிழிகூட இல்லை. அந்த நேரத்தில் அங்கே வந்து நிற்கும் ஒருவனுக்கு அது வெறும் அமைதியான ஆறு.

மறுநாள் நடுப்பகலில் மேட்டில் நின்று அந்தச் சரிவைப் பார்த்தேன். மணியின் காலடிகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்து, சேற்றில் ஒற்றையடிப் பாதையே விழுந்திருந்தது. அது தண்ணீரைத் தொடும் இடத்தில், வழவழவென்று தேய்ந்த வயிற்றுத் தடமும் இரு பக்கமும் நகக்குறிகளும். எங்கள் பாதையின் முனையில் அதன் பாதை தொடங்கியிருந்தது.

இதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும். முதலை தேடி அலைந்து பிடிக்கும் மிருகம் அல்ல, காத்திருந்து பிடிக்கும் மிருகம். எந்த இடத்துக்கு, எந்த நேரத்துக்கு இரை திரும்பத் திரும்ப வருகிறது என்பதைக் கவனித்து வைத்துக்கொள்கிறது. வட ஆஸ்திரேலியாவில் உவர்நீர் முதலைகளோடு வாழும் மக்களுக்கு அங்குள்ள அரசுகள் சொல்லிக்கொடுக்கும் பாடங்களில் இது முக்கியமானது: நீரோரத்தில் எதையும் வாடிக்கையாகச் செய்யாதே. நாம் ஒழுங்கு என்று பெருமைப்படும் நடைப்பழக்கம் அங்கே அழைப்பாகிவிடுகிறது. ஆகவே நாளையே அந்தச் சரிவை விட்டுவிடு. வேறு சரிவுக்கு மாறச் சொல்லவில்லை, சரிவே வேண்டாம். அந்நாட்டின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் முதலை நீர்நிலைகளின் விளிம்பிலிருந்து குறைந்தது ஐந்து மீட்டர் தள்ளி நிற்கச் சொல்கிறார்கள். தண்ணீர் தெளிவாக, ஆழமில்லாமல் தெரிந்தாலும் இதே கணக்குத்தான். முழங்கால் அளவுத் தண்ணீரே பெரிய முதலைக்கு மறைந்துகொள்ளப் போதும். மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கும் மேல் உள்ளே கிடக்க அதனால் முடியும்.

சிட்டு ஏன் தண்ணீருக்கு ஓடுகிறாள் என்று யோசித்துப் பார். பாதி ஆசை, பாதி தாகம். தாகத்தை நீ தீர்த்துவிடலாம். கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே நன்றாகக் குடிக்கவை. ஒரு பாட்டிலில் தண்ணீரும், மடித்துப் பையில் போட்டுக்கொள்ளும் கிண்ணமும் எடுத்துக்கொள். கரைக்கு வந்து சேர்வதற்கு முன்பே ஒருமுறை நிறுத்திக் கொடு. மணிக்கு அப்படிப் பழக்க எனக்குப் பத்து நாள் ஆயிற்று. அதன்பின் அவன் ஆற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, என் பையைத்தான் பார்ப்பான். நக்கிக் குடிக்கும் நாயின் முகம் தண்ணீர் மட்டத்தில் இருக்கிறது, கண் கீழே இருக்கிறது, நாக்கு சீராகச் சத்தம் எழுப்புகிறது. முதலையின் தாடையோரத்தில் கரும்புள்ளிகள் வரிசையாக இருப்பதைப் படங்களில் பார்த்திருப்பாய். நீர்ப்பரப்பில் ஒரு துளி விழுந்தால் எழும் அதிர்வைக்கூட அந்தப் புள்ளிகளால் உணர முடியும். இருட்டில் கண்ணோ காதோ தேவையில்லை. சிட்டு முங்கி எழும்போது எத்தனை அலை எழும் என்று நீயே கணக்குப் போடு.

கயிறு பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், அதில்தான் நான் தவறினேன். நீளும் கயிறு வேண்டாம். பிடியில் எத்தனை மீட்டர் ஓடிவிட்டது என்று நடக்கும்போது யாரும் பார்ப்பதில்லை. ஐந்து மீட்டர் தள்ளி நீ நடந்தாலும் ஐந்து மீட்டர் கயிறு அவளைத் தண்ணீரில் கொண்டுபோய் நிறுத்திவிடும். இரண்டு மீட்டருக்கு மேற்படாத, நீளாத, தடித்த கயிறு வாங்கு. கழுத்துப்பட்டையைவிட நெஞ்சையும் முதுகையும் சுற்றி மாட்டும் பட்டை நல்லது. அவசரத்தில் ஒரே இழுப்பில் தூக்க முடியும், கழுத்தும் நெரியாது. கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளாதே. வளையத்தை உள்ளங்கையில் மட்டும் பிடி. சுற்றிய கயிறு உன்னையும் சேர்த்து இழுக்கும், புதிய முழங்காலோடு நீ சேற்றில் சமாளிக்க முடியாது. நடக்கும்போது அவள் எப்போதும் உனக்கு நிலத்துப் பக்கம் இருக்கட்டும். போகும்போது ஒரு கை என்றால் திரும்பும்போது கை மாற்றிக்கொள். அவிழ்த்துவிட்டு ஓடவிட வேண்டும் என்ற உன் ஆசை எனக்குப் புரிகிறது. அதற்குத் தண்ணீரே கண்ணில் படாத ஒரு மைதானம் தேடு.

கூப்பிட்டால் வருகிறாள் என்று எழுதியிருந்தாய். எட்டு மாதக் குட்டி தண்ணீரில் ஒரு கொக்கைப் பார்த்துவிட்டால் யார் கூப்பிட்டும் வராது. பழக்கிக்கொண்டே இரு, ஆனால் உயிரை அந்தப் பழக்கத்தின்மேல் வைக்காதே.

நேரமும் முக்கியம். முதலைகள் பெரும்பாலும் அந்தியிலிருந்து விடியல் வரைதான் சுறுசுறுப்பாக இரை பிடிக்கும். நீ வெயிலுக்குப் பயந்து விடியலுக்கு முன் போகிறாய். அது அவற்றின் நேரம். வெளிச்சம் நன்றாக வந்த பிறகு போ, இல்லையென்றால் நீர்நிலையை விட்டு வேறு பாதையில் போ. ஒருநாள், சிட்டுவை வீட்டில் விட்டுவிட்டு, இரவில் பாலத்தின் மேலிருந்து ஒரு டார்ச் விளக்கைக் கண் மட்டத்தில் பிடித்து நீர்ப்பரப்பில் மெல்ல ஓட்டிப் பார். முதலைக் கண்ணின் பின்புறமுள்ள படலம் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவதால் அந்தக் கண்கள் செந்நிறக் கனல்போல் ஒளிரும். நான் அந்தச் சம்பவத்துக்குப் பிறகு பார்த்தேன். பகலில் ஒன்றுகூடக் காணாத இடத்தில் ஏழு ஜோடி எண்ணினேன்.

மறுகரையில்தானே பலகை என்று தைரியமாக இருக்காதே. சதுப்பு முதலைகள் குளம் வற்றும்போது இரவோடு இரவாக நிலத்தில் நடந்தே வேறு நீருக்குப் போகும். வெள்ளத்தில் வாய்க்கால் வழியாகப் பரவும். முட்டையிட்டுக் காவல் இருக்கும் காலத்திலும் குஞ்சு பொரித்த காலத்திலும் தாய் முதலை பசியில்லாமலேயே பாயும். எந்த மாதத்தில் எது நடக்கும் என்பது இனத்தையும் ஊரையும் பொறுத்தது. உங்கள் பகுதி வனத்துறையினரிடம் நேரில் போய்க் கேள். நீ கேட்கும் கேள்வியை அவர்கள் சின்னதாக நினைக்க மாட்டார்கள். கரையில் யாராவது மீன் கழிவையோ மிச்ச இறைச்சியையோ கொட்டுகிறார்களா என்றும் பார். அப்படிக் கொட்டும் இடத்தில் முதலை மனிதனைப் பார்த்தால் விலகாது, நெருங்கும். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் முதலைக்குத் தீனி போடுவதே சட்டப்படி குற்றம்.

இனி, எழுதக் கை வராத ஒன்று. 2020-ல் புளோரிடாவில் ஒரு முதியவர் குளத்தில் இறங்கி, முதலையின் தாடையை வெறுங்கையால் பிரித்துத் தன் நாய்க்குட்டியை மீட்ட வீடியோவை நீயும் பார்த்திருப்பாய். அந்த முதலை சிறியது. 2023 பிப்ரவரியில் அதே மாநிலத்தில், குளக்கரையில் நாயோடு நடந்த ஒரு வயதான பெண்மணியை சுமார் மூன்று மீட்டர் முதலை தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டது. அது பாய்ந்தது நாயைப் பிடிக்க. நாய் பிழைத்தது, அவர் பிழைக்கவில்லை. வளர்ந்த உவர்நீர் முதலையின் கடி விசை 16,000 நியூட்டனுக்கும் மேல் என்று அளந்திருக்கிறார்கள். அந்தத் தாடையைப் பிரிக்க நம் கையால் ஆகாது. அன்று மணி துள்ளாமல் இருந்திருந்தால் நான் இறங்கியிருப்பேன், அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். நீயும் இறங்குவாய். உன்னை ஐம்பது ஆண்டுகளாகத் தெரியும். அதனால்தான் இத்தனையும் எழுதுகிறேன். அந்த நொடியில் நிதானமாக முடிவெடுக்க நம் இருவராலும் முடியாது. ஆகவே அந்த நொடி வராமலிருக்க வேண்டும்.

கரையில் முதலை உன்னை நோக்கி வந்தால் வளைந்து வளைந்து ஓட வேண்டும் என்று சொல்வார்கள், கேட்காதே. நேராக, தண்ணீருக்கு எதிர்த்திசையில் ஓடு. நிலத்தில் அது வெகுதூரம் துரத்தாது. தப்பிய நாய்க்குப் பல் பட்ட இடம் ஊசி முனை அளவே தெரிந்தாலும் அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். முதலை வாயிலுள்ள கிருமிகள் காயத்தின் ஆழத்தில் சீழ் வைத்துவிடும்.

மற்றவை சுருக்கமாக. நாணலுக்குள் மூக்கை நுழைக்கவிடாதே, பாம்புக்கடி பெரும்பாலும் மூஞ்சியில்தான் விழும். தேங்கிய தண்ணீரின் மேல் பச்சைப் பாசி வண்ணப்பூச்சுபோல் படர்ந்திருந்தால் அருகிலேயே போகாதே; அதில் சில வகை நச்சு நாயைச் சில மணி நேரத்தில் கொன்றுவிடும். சிட்டுவுக்கு எலிக்காய்ச்சல் தடுப்பூசி போட்டாயா என்று எழுது.

கடிதம் நீண்டுவிட்டது. அன்று மணி நின்ற நிற்பை உன்னிடம் சரியாகச் சொல்லிவிட்டேனா என்று தெரியவில்லை. சிட்டு எங்காவது காரணமில்லாமல் நின்று, ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, உன்னைத் திரும்பிப் பார்த்தால், என்ன அவசரம் இருந்தாலும் அவளோடு திரும்பிவிடு. அவள் மூக்குக்குத் தெரிந்தது உனக்குத் தெரிய வேண்டியதில்லை.

அடுத்த மாதம் இரண்டாம் வாரம் கண் பரிசோதனை முடிந்ததும் உன்னிடம் வருகிறேன். மணியின் நெஞ்சுப்பட்டையை இன்னும் எடுத்து வைத்திருக்கிறேன்; கொண்டுவருகிறேன், சிட்டு வளர்ந்ததும் அவளுக்குச் சரியாக இருக்கும். அதுவரை நீர்த்தேக்கப் பக்கம் போகவில்லை என்று ஒரு வரி எழுதிப் போடு. நான் காத்திருப்பேன்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்